இரண்டு டிபி தெரிந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்

திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் ஜாப்வொர்க் யூனிட் வைத்திருக்கிறோம். கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேருக்காக ஒரு சர்வர் வாங்கினோம், ஒரு டிபி (டெராபைட்) டிஸ்க் இரண்டு போட்டு. கொட்டேஷனில் 'ஹார்டுவேர் ரெய்டு 1 மிரரிங்' என்று தனி வரி, அதற்குத் தனியாக 3,500 ரூபாய். ரெய்டு என்றால் பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டுவது, இந்த வகையில் ஒரு டிஸ்க்கில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும், ஒன்று செத்தாலும் இன்னொன்றில் ஓடும் என்றார் டீலர். சரி, கணக்கு விஷயம், கொடுக்கலாம் என்று கொடுத்தேன்.

வந்த பையன் முக்கால் மணி நேரத்தில் விண்டோஸ் போட்டு, திறந்து காட்டினான். சி டிரைவ் 200 ஜிபி, டி டிரைவ் 1,660 ஜிபி சொச்சம். "பாருங்கண்ணா, ரெண்டு டிபியும் முழுசா கிடைச்சிருக்கு. பேக்கப்பை டி-யில போட்டு வைங்க, சி போனாலும் டி இருக்கும்." நானும் குளிர்ந்துபோய் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

ஒரு டிபி டிஸ்க் விண்டோஸ் கணக்கில் 931 ஜிபி. அப்படி இரண்டை மிரர் செய்தால் மொத்தமே அந்த 931தான் தெரியும். தனித்தனியாக இரண்டு 931 தெரிந்தால் ரெய்டே போடவில்லை. எனக்குத் தெரிந்ததுபோல ஒரே டிஸ்க்காக 1,862 தெரிந்தால் அது ரெய்டு 0. அதாவது ஒவ்வொரு ஃபைலையும் துண்டு போட்டு இரண்டு டிஸ்க்கிலும் பிரித்து எழுதுவது. வேகம் உண்டு, ஆனால் எந்த டிஸ்க் போனாலும் எல்லாம் போச்சு. ரெய்டே இல்லாத ஒற்றை டிஸ்க் இதைவிடத் தேவலை. டி டிரைவும் அதே ஜோடியில் வெட்டிய துண்டுதான் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

14 மாதம் ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலை ஒரு டிஸ்க்கில் ஆரஞ்சு விளக்கு, திரையில் விண்டோஸ் வரவே இல்லை. வேறு கடை இன்ஜினியர் வந்து, பூட் ஆகும்போது கன்ட்ரோல் ஆர் அழுத்தி ரெய்டு கார்டின் (டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் போர்டு) மெனுவுக்குள் போனார். ரெய்டு 0, ஃபெயில்டு. புதிதாக உருவாக்கும் திரையில் முதலில் நிற்பதே ரெய்டு 0 என்று காட்டினார். எண்டரைத் தட்டிக்கொண்டே போயிருக்கிறான் பையன்.

டீலரிடம் கேட்டால் முதலில் "அப்படி இருக்காதே சார்". அப்புறம் "நீங்கதான இடம் நிறைய வேணும்னீங்க". கடைசியில் டிஸ்க்குக்குத்தான் வாரன்டி, டேட்டாவுக்கு இல்லை என்று முடித்துவிட்டார். 3,500 பற்றிப் பேச்சே இல்லை. டேட்டா மீட்பவர்கள் 85,000 கேட்டார்கள், அதுவும் கேரண்டி இல்லாமல்.

மறுபடி போடும்போது பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். விண்டோஸுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. கார்டு எதை ஒரே டிஸ்க்காகக் காட்டுகிறதோ அதைத்தான் விண்டோஸ் பார்க்கும். ரெய்டு 0-வை அழித்து 1 ஆக்கினால் உள்ளே இருப்பதும் அழியும் என்பதால், 'இப்ப போட்டுட்டு அப்புறம் மாத்திக்கலாம்' என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். ரெய்டு 1, இரண்டு டிஸ்க், அளவு 931. அந்தத் திரையை போனில் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் விண்டோஸ் சிடியைப் போட விட்டேன்.

டேலி ஏற்றுவதற்கு முன்னால், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை உருவச் சொன்னேன் (முன்பக்கம் உருவிச் சொருகும் ட்ரே உள்ள மாடல், எல்லாவற்றிலும் இதைச் செய்யாதீர்கள்). பீப் பீப் என்று கத்தியது, விண்டோஸ் அசையவில்லை. திருப்பிச் சொருகியதும் ரீபில்ட் (மற்ற டிஸ்க்கிலிருந்து இதற்குத் திரும்பக் காப்பி ஆவது) தொடங்கி மூன்று மணி நேரத்தில் முடிந்தது. இந்தச் சோதனைக்குத் தயங்குகிறவரிடம் பணத்தை முழுசாகக் கொடுத்துவிடாதீர்கள்.

மிரர் இருந்தாலும், தப்பாக அழித்த ஃபைல் இரண்டு பக்கமும்தான் அழியும். அதனால் தினமும் இரவு ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பேக்கப் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். பழைய கணக்கில் மிஞ்சியது தீபாவளி லீவுக்கு முன் பென் டிரைவில் எடுத்த காப்பி ஒன்றுதான். அதற்குப் பிந்தைய நான்கு மாத பில்களை நானும் வீட்டுக்காரம்மாவும் ராத்திரி உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருக்கிறோம். நேற்று ஜனவரி 9 வரை வந்திருக்கிறோம்.