வாவிக்கரைப் பூங்காவில் கூத்து: கதிரையை விட்டுவிட்டுப் பாய் கொண்டு போங்கள்

ஆடி மாதம் மட்டக்களப்பு நகரத்தில், வாவிக்கரையோரப் பூங்கா ஒன்றில், மூன்று வெள்ளிக்கிழமை தொடர்ந்து திறந்தவெளியில் கூத்துப் போட்டார்கள். மூன்றுக்கும் போனேன். முதல் நாள் மனம் நொந்து திரும்பினேன், இரண்டாம் நாள் பரவாயில்லை, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தும் நித்திரை வரவில்லை. மூன்று நாளும் ஒரே புல்தரை, ஏறத்தாழ அதே சனம். ஆடியவர்கள் வேறு வேறு ஊர்க்காரர்கள், ஆனால் யாரும் ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் இல்லை. மாறியது ஒன்றுதான்: சனத்தை எங்கே இருத்தினார்கள் என்பது.

முதல் நாள் கர்ணன் போர், எங்கள் கூத்தின் இரண்டு மோடிகளில் ஒன்றான வடமோடி. பாரதப் போரின் பதினேழாம் நாள் கதை என்பதால் பதினேழாம் போர் என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்லுவார்கள். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து உழவு மெஷினில் உடுப்புப் பெட்டி, மத்தளம் எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பூங்காவின் ஒரு ஓரத்தில் மூன்றடி உயரத்துக்கு மேடை, மேலே தகரப் பந்தல், பின்னால் பெரிய பதாகை, முன்னால் துணி போட்ட கதிரைகள் இரண்டு வரிசை. அந்தக் கதிரைகள் விருந்தினர்களுக்கு. 6.30க்கு என்று நோட்டீசில் இருந்தது, ஆனால் பேச்சுகள் முடிந்து முதல் மத்தளம் கேட்கும்போது 7.50. அதற்குள் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் பாதிப் பேர் நித்திரை.

ஆட்டம் தொடங்கியதும்தான் பிழை விளங்கியது. வடமோடி ஆட்டம் சுற்றிச் சுற்றி வருவது. எட்டுப் போட்டு ஆடும்போதும், வீசாணம் என்ற ஆட்டத்தில் கையை வீசித் திரும்பும்போதும் கூத்தர் உடம்பு நாலு திசைக்கும் திரும்ப வேண்டும், அந்த ஆட்டத்தின் கணக்கே அதுதான். மேடையில் ஒரு பக்கம்தான் ஆட்கள் என்றால் அந்தச் சுற்றில் பாதி, பதாகைக்குத்தான் போகிறது. கர்ணனாக வந்தவர் நல்ல ஆட்டக்காரர், கால் அவ்வளவு சுத்தம், ஆனால் பாடுகிற நேரமெல்லாம் ஆட்டத்தை முறித்துக்கொண்டு முன்னால் நட்டிருந்த மைக்குக்கு ஓடிவர வேண்டியிருந்தது. போருக்குப் போகமுன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இரண்டு மைக்கைப் பார்த்துப் பாடினார்கள். கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாரையும் மத்தளத்தையும் மேடையின் ஒரு மூலையில் ஒதுக்கிவைத்திருந்தார்கள், கூத்தருக்கே அவர் முகம் தெரிந்திருக்காது. வெள்ளை வெளிச்சம் வேறு கண்ணைக் குத்தியது. அந்தக் கர்ணனின் கூடை மாதிரி விரிந்த கரப்புடுப்பில் தைத்திருந்த கண்ணாடியெல்லாம் அந்த வெளிச்சத்தில் மின்னவே இல்லை, எல்லாம் ஒரே வெள்ளையாய்ப் போனது.

இந்த ஒருபக்க மேடை எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரைக் கொண்டு மாணவர்களுக்குப் பழக்கி, விடிய விடிய ஆடுவதைச் சுருக்கி, நகரத்து மண்டபங்களில் போட்டார். 1962இல் போட்டதும் கர்ணன் போர்தான். கூத்தை நாட்டார் விளையாட்டு என்று ஒதுக்கியிருந்த படித்த ஆட்கள் அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மாணவர்களில் ஒருவரான மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றிப் பெரிய ஆய்வே செய்தார். அது பெரிய வேலை, நான் குறை சொல்ல வரவில்லை. மண்டபத்தில் ஆடினால் மண்டபத்துக்கு ஏற்றபடிதான் ஆட வேண்டும். ஆனால் பூங்காவில் சுவரும் இல்லை, திரையும் இல்லை, நாலு பக்கமும் வெளி. அந்த வெளிக்குள் மண்டபத்து மேடையைத் தூக்கிவந்து ஏன் வைக்க வேண்டும்? எங்கள் ஊர்களில் கூத்தாடும் இடமான களரி என்றால் வட்டம். நிலத்தைக் கொஞ்சம் உயர்த்தி, சுற்றிவரக் கம்பு நட்டு, நடுவில் அண்ணாவியாரும் மத்தளமும் தாளமும் பிற்பாட்டுக்காரரும் நிற்க, அவர்களைச் சுற்றிக் கூத்தர் ஆட, அவர்களைச் சுற்றி நாங்கள். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மட்டக்களப்பின் சீலாமுனையில் நாடக ஆய்வாளர் சி. ஜெயசங்கரும் ஊராரும் சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் செய்தபோதும் அந்த வட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கதையில் சாதி, பெண் பற்றி இருந்ததையெல்லாம் உட்கார்ந்து பேசி மாற்றினார்கள், களரியை மட்டும் களரியாகவே வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் வெள்ளி மற்ற மோடியான தென்மோடி, அலங்காரரூபன் கூத்து. மேடை அப்படியே இருந்தது, மைக்கும் அப்படியே. ஆனால் பேச்சு குறைவு, அதோடு கொஞ்சப் பேர் மேடைக்கு இரண்டு பக்கமும் போய் நிலத்தில் இருந்துகொண்டார்கள், நானும் போனேன். தென்மோடியில் பாட்டு நீட்டி இழுத்துப் பாடுவது, கால் வேலை நுணுக்கம், உடுப்புப் பாரம் குறைவு என்பதால் அந்தக் கால் வேலை நன்றாகத் தெரியும். ஆடியவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். மூச்சு வாங்கியது, ஆனால் தாளம் ஒரு இடத்திலும் வழுவவில்லை. பக்கத்திலிருந்து பார்த்ததால் இது தெரிந்தது. முன்கதிரையில் இருந்திருந்தால் தெரிந்திருக்காது.

இனி மூன்றாம் நாள்.

அன்று போனபோது மேடை இல்லை. பிரித்து ஓரத்தில் அடுக்கியிருந்தார்கள். வந்த குழுவின் அண்ணாவியார், எழுபது வயது இருக்கும், மேடையைப் பார்த்துவிட்டு “நாங்க நிலத்திலதான் ஆடுவம், சனத்தச் சுத்தி இருத்துங்க” என்று சொல்லிவிட்டாராம். கதிரைக்காரர்கள் முதலில் சம்மதிக்கவில்லை என்று தேத்தண்ணி விற்றவர் சொன்னார். கடைசியில் அண்ணாவியார் சொன்னதே நடந்தது. புல்லின் மேல் ஆற்று மண் கொட்டிப் பரப்பி, நாலு கம்பு நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் பல்ப். மைக் ஒன்றே ஒன்று, அண்ணாவியார் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். விருந்தினர் கதிரைகளை வட்டத்தின் பின்வரிசையில் போட்டிருந்தார்கள், அதில் ஒருவர் தானாக எழும்பி வந்து பாயில் இருந்ததையும் கண்டேன்.

ஆடியது பதின்மூன்றாம் போர். அபிமன்யு சக்கரவியூகத்துக்குள் போய்ச் சாகிற கதை. உள்ளே போக வழி தெரியும், வெளியே வர வழி தெரியாது. இங்கே அதை அறியாத ஆள் இல்லை. மட்டக்களப்புக்குத் தெற்கே பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் வருஷா வருஷம் 18 நாள் பாரதம் பார்த்து வளர்ந்த சனம் நாங்கள், தென்பக்கத்திலிருந்து அன்று வந்தவர்களும் நிறையப் பேர். கதை தெரிந்த சனத்துக்கு முன்னால் ஆடுவது வேறு விதம். என்ன நடக்கும் என்று யாரும் காத்திருக்கவில்லை, எப்படி நடக்கும் என்றுதான் காத்திருந்தோம்.

அபிமன்யுவாக வந்தது இருபது வயதுப் பொடியன். வரவு என்கிற முதல் வருகை ஆட்டத்திலேயே களரியை இரண்டு சுற்றுச் சுற்றினான், என் பாய்க்கு மூன்றடி முன்னால் சலங்கை போனது, மண் தெறித்து மேலில் பட்டது, வியர்வை மணத்தது. பிறகு கௌரவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்து, அவனைச் சுற்றி ஆட ஆட வட்டம் சிறுத்துக்கொண்டே வந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று பட்டது: அவர்களுக்கு வெளியே நாங்களும் வட்டமாகத்தான் இருக்கிறோம். அவன் எந்தப் பக்கம் ஓடிவந்தாலும் ஒரு கூத்தர் நிற்கிறார், அவருக்குப் பின்னால் நாங்கள் நெருக்கிக்கொண்டு இருக்கிறோம். வியூகத்தின் கடைசிச் சுவர் நாங்கள்தான். எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவி ஒருவர் அவன் எங்கள் பக்கம் வந்து திரும்பும்போது, “வெளியால வர வழியில்லயே மனே” என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு நெஞ்சு அடைத்தது.

அதற்குள் வீமன் வந்தான். அவன் களரிக்குள் வரவில்லை, பூங்கா வாசல் பக்கமிருந்து, சனத்துக்குப் பின்னால், இருட்டுக்குள் தண்டாயுதத்தோடு ஓடிவந்தான். எல்லோரும் திரும்பினோம், பாய்களை இழுத்து வழி விட்டோம். அவன் களரி ஓரத்துக்கு வந்து கால் வைக்கப் போகிற நேரம் கௌரவர் பக்கத்துச் சயத்திரதன் சிவனுடைய கொன்றை மாலையை எடுத்து அந்த ஓரத்தில், சரியாக எங்கள் கால்மாட்டில், நீட்டிப் போட்டான். வீமன் நின்றுவிட்டான். அவ்வளவு பெரிய ஆள், ஒரு பூமாலைக்கு முன்னால் நிற்கிறான், உள்ளே பிள்ளை தனியே அடிபடுகிறான். ஒரு சின்னப் பெண்பிள்ளை தகப்பனிடம் “மாலைதானே, ஏன் தாண்டுறார் இல்ல?” என்று கேட்டாள். “அது சிவன்ட மாலை மகள், மிதிக்க மாட்டார்” என்றார் தகப்பன். மத்தளம் மெல்ல அடித்துக்கொண்டே இருந்தது, வீமன் அந்த இடத்திலேயே, மாலைக்கு இந்தப் பக்கம், முன்னும் பின்னுமாக ஆடினான். இதை மேடையில் போட முடியாது. போட்டாலும் மாலை யாருடைய காலடியிலும் விழாது.

அபிமன்யு விழுந்த பிறகு சுபத்திரை. முன்பெல்லாம் ஆண்கள்தான் பெண் வேஷம் கட்டுவார்கள், இந்தக் குழுவில் ஒரு இளம்பெண் ஆடினார். அவர் ஒப்பாரி பாடியபோது மைக்கையும் நிறுத்திவிட்டார்கள் என்று நினைக்கிறேன், குரல் மட்டும் வந்தது. எங்கள் ஊரில் செத்தவீட்டில் கேட்கிற அதே இழுவை. கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போய், களரியின் நடுவில் மண்ணில் கிடந்த பொடியனின் நெஞ்சில் காசு வைத்துவிட்டு வந்தார்.

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும். இலவசம்தான், தட்டில் விரும்பினதைப் போடலாம், அது நல்லது. கதைச் சுருக்கம் அச்சடித்து ஒரு தாள் கொடுத்தார்கள், அதுவும் நல்லது, பிள்ளைகளுக்கு உதவியது. ஆனால் அந்தத் தாளில் விருந்தினர்கள் பெயர் எல்லாம் இருந்தது, அண்ணாவியார் பெயர் இல்லை, கூத்தர் ஒருவருடைய பெயரும் இல்லை. மாதக்கணக்கில் தங்கள் பாத்திரத்தின் பாட்டும் வசனமுமான சட்டத்தைப் பாடமாக்கி, கிழமைக் கூத்து என்ற ஒத்திகை ஆடி, சலங்கை கட்டி, அடுக்கு என்ற கடைசி ஒத்திகை பார்த்து அரங்கேற்றுகிற ஆட்களின் பெயரை ஒரு தாளில் போட இடமில்லையா? இது எனக்கு மேடையை விடப் பெரிய கோபம். மலசலகூடம் பூட்டிக் கிடந்தது, மூன்று நாளும். பெண்களும் கிழவர்களும் பட்ட பாடு சொல்லி முடியாது. குடிதண்ணீர் வைக்கவில்லை. முடியும்போது பத்து மணி ஆகிவிடுகிறது, அந்த நேரத்தில் படுவான்கரைக்குப் பஸ் கிடையாது, ஆகவே கூத்தை வளர்த்த ஊர்க்காரர்களே வந்து பார்க்க முடியாத கூத்தாகப் போகிறது. ஒரு பஸ் ஒழுங்கு செய்தால் போதும்.

விடிய விடிய ஆடுகிற கூத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்குவது பற்றி வந்தவர்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. நகரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும் என்பதுதான் என் எண்ணமும். ஆனால் வெட்டுகிறவர்கள் வரவை வெட்டுகிறார்கள். முதல் நாள் துரியோதனன் வந்த வேகத்துக்கு யார் வந்தது என்றே பலருக்குத் தெரியவில்லை. பத்துப் பாத்திரத்தின் வரவைக் குறைத்தாலும் ஒருவருடைய வரவையாவது முழுசாக ஆட விடுங்கள். மூன்றாம் நாள் அபிமன்யுவுக்கு அப்படி விட்டார்கள், அதனால்தான் அவன் செத்தபோது எங்களுக்கு வலித்தது.

போகிறவர்களுக்கு: இன்னொரு சுற்று புரட்டாதியில், மாரி மழைக்கு முன்னம் இருக்கும் என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். ஆறு மணிக்கே போங்கள். பகல் முழுக்க அடித்த கச்சான் காற்றின் வெக்கை அந்த நேரம் தணிந்து வாவிப் பக்கமிருந்து குளிர் வரும். பாய் கொண்டு போங்கள், நுளம்புத்திரியும் தண்ணீர்ப் போத்தலும் மறக்க வேண்டாம். வறுத்த கச்சான் கடலை, அவித்த சோளம், இஞ்சித் தேத்தண்ணி எல்லாம் வாசலில் கிடைக்கும். மேடை போட்டிருந்தால் முன்னால் இருக்காமல் பக்கவாட்டில், மத்தளத்துக்கு அருகே இருங்கள். மேடை இல்லாவிட்டால் எங்கே இருந்தாலும் சரி.

மூன்றாம் நாள் ஆடி முடிந்து உடுப்புக் கழற்றிக்கொண்டிருந்தபோது அண்ணாவியாரிடம் போய்ப் பேசினேன். அதே கூத்தை ஆவணியில் தங்கள் ஊர்க் கோயில் வெளியில் சுருக்காமல் முழுசாக ஆடப்போகிறார்களாம், இரவு ஒன்பதுக்குத் தொடங்கி விடியும்வரை. “வாங்க தம்பி, பாய் நாங்க தருவம்” என்றார். வாவியின் மறுகரை ஊர், கடைசிப் பஸ் பொழுதுபடவே போய்விடும், திரும்புவது காலை முதல் பஸ்ஸில்தான். நான் போகிறேன்.