மடிப்பு டிரெய்லர் கிட்: மூன்று கோடை ஓட்டிய பிறகு

நாலடி அகலம், எட்டடி நீளத்தில் ஒரு மடிப்பு டிரெய்லர் கிட்டை 2022 மார்ச்சில் 480 டாலர் கொடுத்து வாங்கினேன். காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் இரும்புச் சட்டம், நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். கருவிகள் விற்கும் கடைகளில் இரண்டு அட்டைப் பெட்டியாகக் கிடைக்கும் சாமான். இங்கே மிச்சிகனில் பெரும்பாலோர் இதில் மண் மூட்டை, புல்வெட்டும் மெஷின், பழைய சோபா ஏற்றுவார்கள். நான் வாங்கியது இதன் மேல் ஒரு டியர்டிராப் கட்டுவதற்கு. கட்டி முடித்து மூன்று கோடை ஓட்டியாயிற்று, கிட்டத்தட்ட ஆறாயிரம் மைல். அதே எண்ணத்தோடு இந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். இந்த மாதிரிச் சட்டம் பல பெயர்களில் வருகிறது. எதை வாங்கினாலும் பார்க்க வேண்டிய இடங்கள் இவைதான்.

டியர்டிராப் என்றால் கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு குட்டி வண்டி. முன்பக்கம் உருண்டிருக்கும், பின்பக்கம் சரிந்து இறங்கும். உள்ளே இரண்டு பேர் படுக்க ஒரு மெத்தை, அவ்வளவுதான். எழுந்து நிற்க முடியாது. பின்கதவை மேலே தூக்கினால் சமையல் மேடை. 1930-களிலேயே அமெரிக்காவில் இதை வீட்டில் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். 1947 செப்டம்பர் மாத மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழில் வந்த வரைபடத்தைப் பார்த்து இன்றைக்கும் கட்டுகிறவர்கள் உண்டு. இங்கே ப்ளைவுட் பலகை நாலுக்கு எட்டு அளவில்தான் வருகிறது. சட்டமும் அதே அளவில் இருப்பதால் தரைக்கு ஒரு முழுப் பலகையை அப்படியே போட்டுவிடலாம். வீட்டில் கட்டுபவர்கள் இந்தக் கிட்டைத் தேடிப் போவதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் காகிதம். கிட்டோடு உற்பத்தியாளரின் சான்றிதழ் வருகிறது. அதையும் எடைச் சீட்டையும் இங்கே வண்டிப் பதிவு செய்யும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில் காட்டினேன், நம்பர் பிளேட் கையில் கொடுத்துவிட்டார்கள். மிச்சிகனில் டிரெய்லர் பிளேட்டை வருஷா வருஷம் புதுப்பிக்கவும் வேண்டாம்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். முதலில் பேரிங்.

அந்த வருஷம் மே மாதம் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். வேடசந்தூர் பக்கம் எங்கள் ஊர். தாத்தா பாரவண்டி வைத்திருந்தவர். திண்டுக்கல் சந்தைக்கு மூட்டை ஏற்றிப் போகும் வண்டி அது. அப்பா சிறுவயதில் அதன் மேலேயே வளர்ந்தவர். நான் சட்டத்தைப் பூட்டி முடித்ததும் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை அருகில் கொண்டுபோனார். "மை போடாம விட்டிருக்கான்ப்பா, கரகரங்குது" என்றார்.

மூடியை நெம்பி எடுத்துப் பார்த்தேன். உள்ளே உருளைகளின் மேல் பழுப்பாக, மெல்லியதாக ஏதோ பூசியிருந்தது. துருப்பிடிக்காமல் இருக்கத் தடவும் எண்ணெய் போலத்தான் இருந்தது, கிரீஸ் என்று சொல்ல முடியாது. நெடுஞ்சாலையில் நூறு மைல் போயிருந்தால் பேரிங் காய்ந்து பொரிந்திருக்கும். இரண்டு சக்கரத்தையும் கழற்றி, பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தோம். அப்புறம் அப்பா இடது உள்ளங்கையில் ஒரு எலுமிச்சை அளவு கிரீஸை வைத்துக்கொண்டு, பேரிங்கின் ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் உருளைகளுக்கு இடையிலிருந்து கிரீஸ் புழுப் புழுவாக வெளியே வந்தது. ஒரு இடத்தில் வந்ததும் சற்றே திருப்பி அடுத்த இடம். ஒரு பேரிங்குக்குப் பத்து நிமிஷம். தாத்தா காலத்தில் வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்த மையை இருசில் தடவியதைச் சொல்லிக்கொண்டே நாலு பேரிங்கையும் முடித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஏப்ரலிலும் நானே திறந்து பார்த்து மாற்றுகிறேன். மூன்று வருஷமாக ஒரு சத்தமும் இல்லை. பேரிங் நல்ல பேரிங்தான். அனுப்புகிறவர்கள் கிரீஸ் வைத்து அனுப்புவதில்லை. இதை நம்பி அப்படியே ரோட்டில் இறக்காதீர்கள்.

இரண்டாவது, ஏர்க்கால். கொக்கியிலிருந்து சட்டம் வரைக்கும் முன்னால் நீளும் இரும்புக்கு எங்கள் வீட்டில் அந்தப் பெயர்தான் நிலைத்துவிட்டது. கிட்டோடு வருவது ரொம்பக் குட்டை. ரிவர்ஸ் எடுக்கும்போது கண் இமைப்பதற்குள் வண்டி மடங்கி, உடம்பின் மூலை காரின் பம்பரை உரசப் பார்க்கும். ஒரு வெல்டரிடம் போய் இரண்டுக்கு மூன்று அங்குலக் குழாயில் இரண்டடி நீட்டிக்கொண்டேன். கூடவே சட்டம் நடுவில் மடியும் இடத்தில் கீலை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் தகடு வைத்து போல்ட் போட்டு இறுக்கச் சொன்னேன். மேலே கூடு வந்துவிட்டால் பிறகு மடிக்கப் போவதில்லை. அந்தக் கீல் இருந்தால் சட்டம் குழியில் இறங்கும்போது நெளியும், மேலே பலகை இணைப்புகள் விட்டுவிடும். இந்த இரண்டு வேலைக்கும் சேர்த்து 220 டாலர். கிட் விலையோடு இதையும் கூட்டிக்கொண்டு யோசியுங்கள்.

வயரிங் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கூட வரும் கிளிப்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டு இணைப்புகளைப் பற்றவைத்து, மேலே சுருங்கும் குழாய் மாட்டுங்கள். விளக்கு ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு எர்த் வயர் இழுங்கள். பெயிண்ட் அடித்த சட்டத்தை நம்பினால் முதல் மழையிலேயே இண்டிகேட்டர் மங்கும். டயர் 12 அங்குலம், மணிக்கு 65 மைலுக்கு மேல் போகக் கூடாதது. நான் 60-ஐத் தாண்டுவதில்லை. பக்கவாட்டில் எழுதியிருக்கும் முழு அழுத்தமும், என்னுடையதில் 60 பிஎஸ்ஐ, ஒவ்வொரு பயணத்துக்கும் முன் இருக்க வேண்டும். ஸ்டெப்னி கிட்டில் வராது, தனியாக வாங்குங்கள்.

மேலே கட்டிய கூடு இந்த மதிப்பீட்டில் பாதிதான். ஆனால் அதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல ஆசை. பக்கச் சுவர் முக்கால் அங்குல ப்ளைவுட், நடுவில் வெட்டியெடுத்த இடங்களில் நுரைப் பலகை. அதன் மேல் அலுமினியத் தகடு போடக் காசு இல்லை. இங்கே வீட்டில் கட்டுகிறவர்கள் ஏழையின் ஃபைபர்கிளாஸ் என்று ஒரு முறையைச் சொல்வார்கள். பெயிண்டர்கள் தரையில் விரிக்கும் கேன்வாஸ் துணியை, தண்ணீர் கலந்த டைட்பாண்ட் 2 பசையைப் பலகையில் பூசி அதன் மேல் ஒட்ட வேண்டும். துணியின் மேலும் ஒரு பூச்சு பசை. காய்ந்ததும் வீட்டு வெளிச்சுவருக்கு அடிக்கும் பெயிண்ட் மூன்று நாலு கோட். முதல் கோட்டைத் தண்ணீர் விட்டு இளக்கி அடித்தால் துணி குடித்துக்கொள்ளும். காய்ந்த பிறகு விரலால் தட்டினால் துணி என்றே தோன்றாது, மேளத்தின் தோல் மாதிரி விறைப்பாக இருக்கும். மூன்று குளிர்காலம் வெளியே தார்ப்பாய் போட்டுத்தான் நிறுத்தியிருக்கிறேன். ஓரிடத்தில்கூட உரியவில்லை. பொருள் செலவு 150 டாலருக்குள் முடிந்தது. கேன்வாஸைத் துவைத்துச் சுருக்கிவிட்டு ஒட்டுங்கள், அது முக்கியம்.

மேலே வைத்த மேக்ஸ்ஏர் மின்விசிறியையும் பாராட்ட வேண்டும். 14 அங்குலச் சதுர ஓட்டை போட்டுப் பொருத்துவது. மூடியின் மேலேயே மழைக்காப்பு இருப்பதால் கொட்டுகிற மழையிலும் ஓடும். அவ்வளவு சின்ன அறையில் இரண்டு பேர் மூச்சு விட்டால் விடிவதற்குள் சுவரெல்லாம் வியர்த்து, போர்வை ஈரமாகிவிடும். குறைந்த வேகத்தில் ராத்திரி முழுக்க ஓடவிட்டால் அந்தத் தொல்லை இல்லை, பேட்டரியும் இறங்குவதில்லை.

இப்போது இந்த டிரெய்லரைப் பற்றி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

முதல் பயணம் ஆகஸ்டில், லூடிங்டன் மாநிலப் பூங்காவுக்கு. வீடு லான்சிங் பக்கம். ஐ-96-இல் ஒரு சரிவில் லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. உடனே பின்னால் வண்டி இடதும் வலதுமாக அலைய ஆரம்பித்தது. மணிக்கு 58 மைல் இருக்கும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். நாலைந்து ஆட்டம் ஆடிவிட்டு நின்றது. பின் சீட்டில் மனைவியும் மகளும். ஒருவரும் பேசவில்லை. அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தியபோது என் கை நடுங்கியது.

அப்பா இறங்கிப் பின்னால் போய்ப் பின்கதவின் அடியில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். முன்னால் ஏர்க்கால் லேசாக மேலே எழும்பியது.

"பின்பாரம் ஏறிப்போச்சுப்பா. மாடா இருந்தா இந்நேரம் பூட்டாங்கயிறு கழுத்தை நெரிச்சிருக்கும்."

புத்தகத்தில் நாக்கு எடை என்று படித்திருந்தேன். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும் என்று தெரியும். தெரிந்தும், சமையல் பக்கம் வசதியாக இருக்கட்டும் என்று பேட்டரி, ஏழு கேலன் தண்ணீர்க் கேன், அடுப்பு, இரும்பு தோசைக்கல் எல்லாவற்றையும் பின்னாலேயே அடுக்கியிருந்தேன். அந்தத் தண்ணீர் மட்டும் 58 பவுண்டு. அங்கேயே கேனைத் தூக்கிக் காருக்குள் வைத்தோம். அதற்குப் பிறகு லூடிங்டன் வரைக்கும் வண்டி அலையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் பழையபடி ஏற்றி, லாரிகள் நிற்கும் இடத்தில் இருக்கும் எடைமேடைக்குக் கொண்டுபோனேன். மொத்தம் 1080 பவுண்டு. எங்கள் ஹோண்டா சிஆர்-வி 1500 வரை இழுக்கும், அதில் பிரச்சினை இல்லை. கராஜில் உடல் எடை பார்க்கும் மெஷினை வைத்து, அதன் மேல் மரத்துண்டு நிறுத்தி, காரில் மாட்டும் அதே உயரத்தில் கொக்கியை உட்கார வைத்தேன். 70 பவுண்டு காட்டியது. ஆறரை சதவீதம்! அந்த மெஷின் 20 டாலர், அதை முதல் பயணத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும். அதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன், பின் சீட்டில் என் மகள் இருந்தாள்.

பேட்டரியைப் பின்னாலிருந்து எடுத்து ஏர்க்கால் மேல் ஒரு பெட்டி செய்து வைத்தேன். 45 பவுண்டு பேட்டரிதான், ஆனால் இடம் மாறியதும் மெஷின் 115 காட்டியது. தண்ணீரைப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பிடிக்கிறோம், அதனால் ஓடும்போது 140-ஐத் தொடும். எங்கள் காருக்கு 150-ஐத் தாண்டக் கூடாது, அதற்குள் இருக்கிறது.

கிட்டோடு வரும் குறிப்பேட்டில் இதைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. மண் மூட்டை ஏற்றுகிறவர் ஒவ்வொரு முறையும் முன்னே பின்னே தள்ளி வைத்துக்கொள்ளலாம். கூடு கட்டுகிறவருக்கு சக்கர அச்சு எங்கே வருகிறது, கதவு எங்கே, சமையல் மேடை எங்கே என்பதெல்லாம் ஒருமுறை முடிவானால் முடிவானதுதான். பலகை வெட்டுவதற்கு முன்பே எடையை எங்கெங்கே வைக்கப் போகிறோம் என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள். உங்கள் கிட்டில் அச்சுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருந்தால் பின்னால் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அதற்கப்புறம் 2023 ஜூலையில் மேக்கினா பாலம் தாண்டி மிச்சிகனின் வடபகுதியான அப்பர் பெனின்சுலா போனோம். 1957-இல் திறந்த பாலம், ஐந்து மைல் நீளம், ஏரியின் காற்று பக்கவாட்டில் அறையும். உள் லேன் இரும்புக் கிராதி, கீழே தண்ணீர் தெரியும். நான் தார் போட்ட வெளி லேனிலேயே 40-இல் போனேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன், வண்டி நூல் பிடித்த மாதிரி வந்தது. டக்வாமினன் அருவிக்குப் பக்கத்தில் மூன்று ராத்திரி. தேவதாரு சதுப்பு நிலங்களின் சாறு இறங்கி அந்தத் தண்ணீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் விழுகிறது. மழை பெய்த காலையில் தூக்கிய பின்கதவுக்கு அடியில் நின்று தோசை ஊற்றினோம். அங்கே கரடி உண்டு, அதனால் ராத்திரி சாப்பாட்டுச் சாமான் எல்லாம் காருக்குள் போய்விடும்.

மொத்தச் செலவு 3,400 டாலர், சில மாத வாரயிறுதிகள். கடையில் செய்து விற்கும் டியர்டிராப் பெரும்பாலும் பத்தாயிரத்துக்கு மேல். கிட்டுக்கு மட்டும் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். இரும்பு நல்ல இரும்பு, காகிதம் சரியாக இருந்தது, துளைகள் எல்லாம் பொருந்தின. கழித்த ஒன்றரையும் பேரிங்குக்கும் ஏர்க்காலுக்கும். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்து, எல்லாவற்றையும் ஒருமுறை கழற்றிப் பூட்டப் பொறுமை இருப்பவர் தாராளமாக வாங்கலாம். பெட்டியைப் பிரித்து மறுநாளே ரோட்டில் இறக்க நினைப்பவர் தயவுசெய்து வேண்டாம், அவர்களுக்கு ஆயத்தமாக வரும் பற்றவைத்த சட்டமே நல்லது.

எனக்கு மிச்சமிருப்பது பின்கதவு. மோல்டில் வளைத்து ஒட்டிய மெல்லிய ப்ளைவுட் அதிலிருந்து எடுத்ததும் கீழ் மூலைகளில் அரை அங்குலம் விரிந்துகொண்டது, அங்கே ரப்பர் பட்டை சரியாக அமரவில்லை. போன அக்டோபரில் இடது மூலையில் ஈரம் பார்த்தேன். பனி விட்டதும் கேன்வாஸை அந்த இடத்தில் மட்டும் கிழித்துப் பார்க்கப் போகிறேன். மரம் கறுத்திருந்தால் கதவை மறுபடி செய்வேன், இந்த முறை மோல்டை இன்னும் கொஞ்சம் கூடுதலாக வளைத்து.