பசியோடு பந்திக்கா, பசியாறிப் பந்திக்கா?

இந்த ஆவணியில் மட்டும் எங்கள் வீட்டுக்கு ஏழு கல்யாணப் பத்திரிகைகள் வந்தன. ஏழும் நெருங்கிய உறவு அல்லது பள்ளியில் உடன் பணியாற்றுபவர்களின் வீட்டுக் கல்யாணங்கள் என்பதால் ஒன்றைக்கூடத் தட்டிக்கழிக்க வழியில்லை. எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் பரிசோதனையில் 9.1 ஆக இருந்த இரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி, அதாவது எச்பிஏ1சி, மாவுச்சத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் என்ற அளவுக்குக் குறைத்த பிறகு, மாத்திரையின் துணையோடு 6.8-க்கு இறங்கியது. வீட்டுச் சமையலறையில் இந்தக் கட்டுப்பாட்டைக் காப்பது எனக்கு இப்போது பெரிய சிரமமில்லை. திருநெல்வேலிக் கல்யாண மண்டபத்தில் இலை போட்டபின் காப்பதுதான் சிரமம்.

இதற்கு எனக்குத் தெரிந்து நான்கு வழிகள் உண்டு. அவற்றில் இரண்டை நீண்ட நேரம் எடைபோட வேண்டியதில்லை. மணமக்களை வாழ்த்தி, மொய் எழுதிவிட்டு, சாப்பிடாமல் நழுவிவிடுவது முதலாவது. கூட்டம் மிகுந்த வரவேற்பு நிகழ்ச்சியில் யார் கண்ணிலும் படாமல் இதைச் செய்யலாம். நெருங்கிய உறவில் செய்தால் அடுத்த ஐந்து வருடத்துக்கு அதுவே பேச்சாக இருக்கும். "ஒரு நாள்தானே" என்று எல்லாவற்றையும் உண்டுவிட்டு மாத்திரையைக் கூட்டிப் போட்டுக்கொள்வது இரண்டாவது. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையின் அளவைக் கூட்டுவது ஆபத்து என்பது ஒருபுறமிருக்க, ஒரே மாதத்தில் ஏழு கல்யாணம் என்றால் அந்த ஒரு நாள் ஏழு முறை வருகிறது.

மிஞ்சுபவை இரண்டு. வெறும் வயிற்றோடு சென்று, பந்தியில் உட்கார்ந்து, இலையில் விழுவதில் நமக்கு ஆவதை மட்டும் தேர்ந்து வயிறார உண்பது ஒன்று. வீட்டிலேயே நமக்கு ஏற்ற உணவை உண்டு பசியாறிவிட்டு, பந்தியில் பெயருக்கு உட்கார்ந்து எழுந்திருப்பது மற்றொன்று. இரண்டையும் நான் செய்துபார்த்துவிட்டேன். இப்போது நான் கைக்கொள்வது இரண்டாவதை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தேர்ந்து உண்பதில் உள்ள நன்மைகளைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வேகவைத்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. பரிமாறுபவர் ஒரு முறை தாராளமாகப் போடும் சோறு 150 கிராம் என்று வைத்துக்கொண்டால், சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என மூன்று முறையில் என்னுடைய ஒரு நாள் கணக்கைத் தாண்டிவிடுகிறது. ஜாங்கிரியும் பாயசமும் அதில் சேரவில்லை. ஆகவே சோற்றை மட்டும் நிறுத்தினாலே பெரும்பகுதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பீன்ஸ் பொரியல், முட்டைக்கோஸ் கூட்டு, தயிர்ப் பச்சடி, கொஞ்சம் பருப்பும் நெய்யும், கையில் வாங்கிக் குடிக்கும் ரசம், கடைசியில் மோர் என்று நல்ல சாப்பாடாகவே அமையும். அவியலில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். எங்கள் பக்கத்து அவியலில் வாழைக்காயும் சேனையும் தாராளமாக இருக்கும் என்பதால், காய்தானே என்று இரண்டாம் முறை வாங்கினால் கணக்கு தப்பும்.

மறுநாள் மறுவீட்டில் போடும் சொதிச் சாப்பாட்டுக்குத் தேர்ந்து உண்ணும் வழியே பொருத்தம் என்பேன். தேங்காய்ப் பாலில் பீன்ஸ், கேரட், முருங்கைக்காய், சிறிதளவு பாசிப்பருப்பு சேர்த்துச் செய்த சொதியைச் சோறில்லாமல் ஒரு கிண்ணத்தில் வாங்கி, இஞ்சிப் பச்சடியைத் தொட்டுக்கொண்டு கரண்டியால் உண்டுபாருங்கள். சோறு இதற்கு எதற்கு என்று தோன்றும். உருளைக்கிழங்குத் துண்டுகளை மட்டும் ஓரமாக ஒதுக்கிவிடுவேன்.

இவ்வளவு நன்மையிருந்தும் நான் மாறியதற்குக் காரணம் ஒன்றுதான், அது பசி. உணவு முறை பற்றிப் பேசும் பலர் எதை உண்ணலாம், எதை உண்ணக் கூடாது என்ற பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பட்டியலை எந்த நேரத்தில், எவ்வளவு பசியோடு நாம் நினைவுகூர வேண்டியிருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. கல்யாணத்தில் சாப்பாட்டு நேரம் நம் கையில் இல்லை. அது முகூர்த்தத்தின் கையில், சமையல்காரரின் கையில், மாப்பிள்ளை வீட்டு வேன் எப்போது வந்து சேர்கிறது என்பதன் கையில் இருக்கிறது.

சென்ற ஆண்டு தை மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். காலை எட்டரை மணிக்கே மண்டபத்துக்குப் போய்விட்டேன். காலைப் பந்தியில் இட்லி, பொங்கல், கேசரி தவிர வேறில்லை என்பதால், மதியம் நன்றாகக் காய்கறி உண்டுகொள்ளலாம் என்று காப்பியோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் மெட்ஃபார்மினோடு சேர்த்துக் காலையில் உணவுக்கு முன் போடும் கிளிமிபிரைடு மாத்திரையை வழக்கம்போலப் போட்டிருந்தேன். முகூர்த்தம் முடிந்து, மேடையில் வரிசையில் நின்று, கீழே இறங்கிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரும்போது பதினொன்றே முக்கால். முதல் பந்தி நிறைந்துவிட்டது. உட்கார்ந்திருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, அவர் எப்போது மோருக்கு வருவார் என்று பார்த்து நிற்கும் அந்த நிற்றலை நீங்களும் நின்றிருப்பீர்கள். நிற்கும்போதே விரல்கள் நடுங்கின, பின்கழுத்து வேர்த்தது. கைப்பையில் இருந்த கருவியில் குத்திப் பார்த்தால் 66 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை என்று கொள்ள வேண்டும்.

இடம் கிடைத்து உட்கார்ந்ததும் இலையில் முதலில் வந்தது ஜாங்கிரி. அதை நான் உண்டது சரிதான். அந்த நிலையில் வேறு வழியில்லை. சரியில்லாதது அதற்குப் பிறகு நடந்தது. நடுக்கம் நின்ற பின்னும் பசி நிற்கவில்லை. சாம்பாருக்குச் சோறு விழுந்தபோது கை தடுக்கவில்லை; ரசத்துக்கும் தடுக்கவில்லை. பாயசத்தை இலையிலேயே ஊற்றச் சொல்லி அப்பளத்தை நொறுக்கிப் போட்டு உண்டேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 251. மனவுறுதி குறைந்துவிட்டது என்று அன்று என்னை நானே நொந்துகொண்டேன். இப்போது யோசிக்கையில், நான்கு மணி நேரப் பசியோடு ஒருவரை இலைமுன் உட்கார வைத்துவிட்டு மனவுறுதியைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை என்றே படுகிறது.

அடுத்த மருத்துவ ஆலோசனையில் இதைச் சொன்னபோது, மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவர்களுக்கு இப்படித் தாழ்வது அரிது என்றும், கிளிமிபிரைடு போன்றவை நாம் உண்டாலும் உண்ணாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கச் செய்துகொண்டே இருக்கும் என்றும் மருத்துவர் விளக்கி, அந்த மாத்திரையின் அளவைப் பாதியாக்கினார். நெய்யும் எண்ணெயும் கலந்த இனிப்பு சர்க்கரையை மெதுவாகவே ஏற்றும் என்பதால், 15 கிராம் குளுக்கோஸ் பொடியைப் பையில் வைத்திருந்து, தண்ணீரில் கலந்து குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்கச் சொன்னார். அன்றிலிருந்து பொட்டலம் பையிலேயே இருக்கிறது. மாத்திரை விஷயத்தில் என் அளவு உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, நான் தேர்ந்த வழி. மண்டபத்துக்குப் புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பு, நெய்யில் லேசாக வாட்டிய 100 கிராம் பனீர், ஒரு கிண்ணம் முட்டைக்கோஸ் அல்லது அவரைக்காய்ப் பொரியல், ஒரு கைப்பிடி வேகவைத்த வேர்க்கடலை, ஒரு டம்ளர் மோர். இதில் மாவுச்சத்து மிகக் குறைவு. புரதமும் கொழுப்பும் இருப்பதால் மூன்று நான்கு மணி நேரம் வயிறு முனகாது. முகூர்த்தம் தள்ளிப்போனாலும், நாற்காலிக்குப் பின்னால் நிற்க நேர்ந்தாலும் எனக்கு அவசரமில்லை.

"அப்படியானால் ஏன் பந்தியில் உட்கார வேண்டும்?" என்று என் கணவர் கேட்டார். கை நனைக்காமல் வர முடியாது என்பதே பதில். கல்யாண வீட்டில் "சாப்பிட்டாச்சா?" என்பது விசாரிப்பு மட்டுமில்லை, அது உறவுக் கணக்கு. இந்த ஆவணியில் என் சித்தி மகள் வீட்டுக் கல்யாணத்தில், மணப்பெண்ணின் தாயான அவள் அத்தனை வேலைக்கு நடுவிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, கை நனைக்காமப் போயிராதீங்க" என்றாள். "வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டேன்" என்று அவளிடம் சொன்னால் அது மருத்துவக் காரணமாகக் கேட்காது. ஆகவே உட்கார்ந்தேன். பரிமாறியவரிடம், "அண்ணாச்சி, சோறு வேண்டாம், கூட்டு மட்டும் இன்னொரு தடவ வைங்க" என்று சோறு விழுவதற்கு முன்பே சொன்னேன். விழுந்தபின் ஒதுக்கினால் உணவை வீணாக்கிய பழியும் சேரும். நான்கு வாய் கூட்டு, பொரியல், ஒரு வடை, ரசம், மோர். அவள் வந்து பார்த்துவிட்டுப் போனாள். இலையில் கை இருந்தது, அவளுக்கு அது போதும். இரண்டு மணி நேரம் கழித்து 148. உணவுக்குப் பின் 180-க்குக் கீழே இருக்கப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வழிக்கு வேறொரு ஆதரவும் உண்டு. 2015-இல் நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியினர் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரே உணவையே காய்கறியும் கோழியும் முதலில், ரொட்டியும் பழச்சாறும் பதினைந்து நிமிடம் கழித்து என்ற வரிசையில் உண்டபோது, ஒரு மணி நேரத்துக்குப் பிந்தைய சர்க்கரை அளவு, வரிசை மாற்றி உண்டதைவிட 37 சதவீதம் குறைவாக இருந்தது. பங்கேற்றவர்கள் 11 பேர் மட்டுமே என்பதால் இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ஆனால் பந்தியில் அந்தப் பதினைந்து நிமிட இடைவெளியை யார் தருவார்கள்? இருபது நிமிடத்தில் பந்தியே எழுந்துவிடும். வீட்டில் காய்கறியும் பனீரும் உண்டுவிட்டுப் போனால் அந்த இடைவெளி தானாகவே அமைந்துவிடுகிறது. மனம் கேட்காமல் ஒரு கவளம் பருப்புச் சோறு உண்ட நாட்களிலும் அளவு பெரிதாக ஏறாததற்கு இது காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

குறை இல்லாமல் இல்லை. சமையல் ஒப்பந்தக்காரர்கள் இலைக் கணக்கில்தான் பணம் வாங்குகிறார்கள். நான்கு வாய் உண்பதற்காக ஒரு முழு இலையின் விலையை உறவினர் தலையில் ஏற்றுகிறோமே என்ற உறுத்தல் எனக்கு உண்டு. இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. வெளியூர்க் கல்யாணங்களில் இந்த வழி திணறுகிறது என்பது இன்னொன்று. விடியற்காலையில் பேருந்து ஏறி நாகர்கோவிலில் இறங்குபவருக்குச் சமையலறை எங்கே? அங்கெல்லாம் முந்துகிற பந்தியில் உட்கார்ந்து தேர்ந்து உண்பதே நடைமுறைக்கு ஒத்தது. பந்திக்கு முந்து என்று பெரியவர்கள் சொன்னதில் எங்களைப் போன்றவர்களுக்கும் பயன் உண்டு: முதல் பந்தியில் பொரியல் தீர்ந்திருக்காது, பரிமாறுபவருக்கும் நாம் சொல்வதைக் கேட்கப் பொறுமை இருக்கும்.

நோயை வெளியில் சொல்வதா என்ற தயக்கத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வின்படி வயது வந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஐம்பது பேர் உட்காரும் பந்தியில் ஐந்தாறு பேராவது நம் கட்சி. நான் சோறு வேண்டாம் என்றபோது பக்கத்து இலைக்காரரும் "எனக்கும் கொஞ்சமாப் போதும்" என்று துணிந்தது உண்டு. மண்டபத்தைவிட வீடுகளுக்குப் போகும்போதுதான் சொல்லிவிடுவது அவசியமாகிறது. அங்கே பசியாறிப் போவது உதவாது. தட்டில் முறுக்கும் பிஸ்கட்டும் வைத்து எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். "சீனி போடாமக் காப்பி மட்டும் தாங்க மதினி" என்று நுழைந்தவுடன் சொல்லிவிட்டால் தட்டு பெரும்பாலும் வருவதில்லை.

நான் சைவம் என்பதால் கிடா விருந்து, பிரியாணிக் கல்யாணம் பற்றி அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. என் சக ஆசிரியை ஒருவர், கறியும் முட்டையும் கிடைக்கும் இடத்தில் தேர்ந்து உண்பது மிக எளிது என்கிறார். பிரியாணியில் சோற்றை விலக்கிக் கறியை மட்டும் எடுப்பது பார்ப்பவர்களுக்குப் பேராசையாகத் தெரிகிறது என்றும் சொல்லிச் சிரிக்கிறார். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களின் கணக்கு வேறு. டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உட்கொள்பவர்கள் மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்தால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடும் அபாயம் இருப்பதால், அவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இந்த இரண்டு வழிகளில் எதையும் தொடங்கக் கூடாது.

வருகிற தையில் நாகர்கோவிலில் ஒரு கல்யாணம் இருக்கிறது. பனீரும் வேர்க்கடலையும் டப்பாவில் எடுத்துப்போய்ப் பேருந்திலேயே உண்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை அந்தப் பனீர் கெடாமல் இருக்குமா என்பதைப் பொங்கல் விடுமுறையில் ஒரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும்.