மீந்த கோழியும் மைசூர்ப் பருப்பும்: ஜார்ஜ்டவுன் அரவைக் கடையின் மசாலாத்தூள் எப்படி?

ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மீந்த கோழியைத் திங்கட்கிழமை மாலை என்ன செய்வது என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் நெடுங்காலமாக ஒரே விடைதான்: பருப்பில் போட்டுக் கறியாக்கிவிடுவது. ஆட்டெலும்பும் கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் சேர்த்துக் கொதிக்கவைத்து நெய்ச்சோற்றின் மேல் ஊற்றும் தால்சாவைச் சாப்பிட்டு வளர்ந்த பினாங்குக்காரர்களுக்கு இது ஒன்றும் விசித்திரமாகத் தோன்றாது. ஆட்டுக்குப் பதிலாகக் கோழி, அதுவும் முன்பே வெந்த கோழி என்பதுதான் வேறுபாடு. பார்ப்பதற்குச் சிறியதாகத் தெரியும் அந்த வேறுபாடு மசாலாத்தூளின் மேல் எவ்வளவு சுமையை ஏற்றிவிடுகிறது என்பதைப் பல ஆண்டுகள் சுமாரான கறியைச் சமைத்த பிறகே நான் புரிந்துகொண்டேன்.

பச்சை இறைச்சி குழம்பில் அரை மணி நேரம் வேகும்போது தன் சாற்றை அதற்குக் கொடுத்து, அதன் காரத்தையும் மணத்தையும் தனக்குள் வாங்கிக்கொள்ளும். வெந்த கோழிக்கு அந்த அவகாசம் கிடையாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் கொதிக்கவிட்டால் நெஞ்சுப்பகுதி நார்நாராக வறண்டுவிடும். மேலும், ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் இருந்த கோழியின் கொழுப்பு காற்றுபட்டு மாறுவதால், மறுநாள் சூடாக்கும்போது ஒரு பழைய நெடி எழும்; மூக்கு கூர்மையான பிள்ளைகள் உள்ள வீடுகளில் அந்த நெடியை எவரும் மறைக்க முடியாது. ஆகவே இந்தக் கறியின் சுவை முழுவதையும் பருப்பும் மசாலாவும்தான் கொண்டுவர வேண்டும். காரம் மட்டும் தூக்கலாக உள்ள தூள் இந்த வேலைக்கு ஆகாது. மல்லியும் சோம்பும் தாராளமாக இருக்க வேண்டும், பட்டையும் கிராம்பும் மெல்லியதாகப் பின்னால் நிற்க வேண்டும்.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியா பகுதியில் மார்க்கெட் வீதியும் குயின் வீதியும் சந்திக்கும் இடத்திலிருந்து சிறிது தூரத்தில் உள்ள ஒரு மசாலா அரவைக் கடையை மூன்று மாதங்களுக்கு முன்பு நான் தேடிப் போனது இதற்காகத்தான். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இருக்கும் ஓர் அரவை இயந்திரத்துக்கு இப்போது வரும் கூட்டமே போதும் என்று அதன் உரிமையாளரான பெரியவர் கேட்டுக்கொண்டார், அதை மீற எனக்கு மனம் வரவில்லை. மசாலா வறுபடும் மணம், கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடி வழி நடைபாதைக்குள் நுழைந்ததுமே பிடித்துக்கொள்ளும் என்பதால், அந்தப் பக்கம் நடப்பவர்கள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடைக்குள் மல்லி, சீரகம், சோம்பு, மிளகு, காய்ந்த மிளகாய், விரலி மஞ்சள் ஆகியவை தனித்தனிச் சாக்குகளில் வாய் திறந்து நிற்கின்றன. ஒரு மூலையில் வறுக்கும் இரும்புச் சட்டியும் மறுமூலையில் இயந்திரமும் உள்ளன. இறைச்சித் தூள், மீன் தூள், குர்மாத் தூள் என்று முன்பே அரைத்து நிரப்பிய பொட்டலங்களும் உண்டு. நான் இறைச்சித் தூள் கேட்டதும் பெரியவர் பொட்டலத்தை எடுக்கவில்லை. "என்ன இறைச்சிம்மா? எதோட சேத்துச் சமைக்கப் போறீங்க?" என்று கேட்டார். மீந்த கோழி என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. பொரித்ததா, சுட்டதா, அவித்ததா என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். இந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது அந்த நொடியில்தான்.

பொட்டலத்திலுள்ள இறைச்சித் தூள் ஆட்டிறைச்சியை மனத்தில் வைத்துக் கலந்தது என்றும், அதில் குழம்பு கெட்டிப்படுவதற்காகக் கசகசாவும் சிறிது அரிசியும் சேர்ந்திருக்கின்றன என்றும், பருப்பில் போட்டால் குழம்பு களிபோல் இறுகிவிடும் என்றும் அவர் விளக்கினார். எனக்கு நெடுநாள் இருந்த குறைக்கு அங்கே விடை கிடைத்தது. சமைத்த அன்று சரியாக இருக்கும் கறி மறுநாள் கரண்டியை நட்டால் நிற்கும் அளவுக்கு ஏன் இறுகுகிறது என்று பருப்பின் மேலேயே நான் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு என் கண்முன்னே நிறுத்து எடுத்தார். அரைக் கிலோத் தூளுக்கு மல்லி 240 கிராம், சோம்பு 80 கிராம், காய்ந்த மிளகாய் 70 கிராம், சீரகம் 50 கிராம், மஞ்சள் 30 கிராம், மிளகு 20 கிராம், பட்டையும் கிராம்பும் ஏலக்காயும் அன்னாசிப்பூவும் சேர்ந்து 10 கிராம். வழக்கமான கலவையைவிட மிளகாயைக் குறைத்துச் சோம்பைக் கூட்டியிருப்பதாகச் சொன்னார். மல்லியையும் சீரகத்தையும் சோம்பையும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்தார். மிளகாயும் மஞ்சளும் வெயிலில் காய்ந்தவை என்பதால் அப்படியே இயந்திரத்துக்குள் போயின. மொத்தம் 40 நிமிடங்கள் ஆயின. விலை 18 வெள்ளி (ரிங்கிட்). பேரங்காடியில் விற்கும் பொட்டலத்தைவிட விலை கூடுதல்தான், ஆனால் எடை போட்டு, வறுத்து, அரைத்துத் தரும் கூலியும் அதற்குள் அடக்கம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்து பார்த்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தூளின் தரம் சமையலில்தான் தெரியும். கோழிக்கறியைக் கையால் பிய்த்துத் தனியே எடுத்துவைத்துவிட்டு, எலும்புகளை மட்டும் ஆறு குவளை நீரில் ஓர் இஞ்சித் துண்டுடன் அரை மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டினேன். தால்சாவுக்கு ருசி எலும்பிலிருந்து வருகிறது என்றால், இதற்கும் அங்கிருந்துதான் வர வேண்டும். எலும்பைக் குப்பையில் எறிந்துவிட்டுப் பச்சைத் தண்ணீரில் பருப்பை வேகவைப்பவர்கள் பாதிக் கறியை எறிந்துவிடுகிறார்கள். அந்தச் சாற்றில் 200 கிராம் மைசூர்ப் பருப்பைக் கழுவிப் போட்டால், ஊறவைக்காமலேயே 20 நிமிடத்தில் குழைந்துவிடும். துவரம் பருப்பு இன்னும் ருசியானது என்று என் மாமியார் இன்றும் வாதிடுவார், ஆனால் அதற்குக் குக்கர் வேண்டும், பொறுமையும் வேண்டும். வேலை முடிந்து வந்த திங்கட்கிழமை மாலையில் எனக்கு மைசூர்ப் பருப்பே போதும்.

மூன்று மேசைக்கரண்டித் தூளைச் சிறிது நீரில் குழைத்து விழுதாக்கினேன். நம் ஊர்ச் சமையலில் இந்த ஒரு படியைத் தவிர்க்கவே கூடாது. உலர்ந்த தூளைச் சூடான எண்ணெயில் நேரே கொட்டினால் வெளிப்புறம் கருகும், உள்ளே பச்சை வாடை அப்படியே நிற்கும். எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ தாளித்து, சின்ன வெங்காயம் வதக்கி, இஞ்சி பூண்டு விழுதும் கறிவேப்பிலையும் போட்டு, அதன் பிறகு மசாலா விழுதைச் சேர்த்து, சிறுதீயில் எண்ணெய் பிரியும்வரை கிளறினேன். இந்தத் தூளின் சிறப்பு இங்கேதான் வெளிப்பட்டது. ஏழெட்டு நிமிடத்தில் எண்ணெய் பக்கங்களில் செந்நிறமாகப் பிரிந்து நின்றது; அடிப்பிடிக்கவில்லை; சோம்பின் இனிப்பான வாசம் கூடம்வரை போய், பாடம் எழுதிக்கொண்டிருந்த மகனை அடுப்பங்கரைக்கு இழுத்து வந்தது. அரிசி கலந்த தூள்கள் இதே நேரத்தில் சட்டியில் ஒட்டிக்கொண்டு நம்மை நீர் தெளித்துத் தெளித்துக் கிளற வைத்துவிடும்.

வெந்த பருப்பை ஊற்றி, உருளைக்கிழங்கும் கத்தரிக்காயும் போட்டு, அவை வெந்த பிறகே புளிக்கரைசலை விட்டேன். புளியை முன்னதாக விட்டால் காயும் வேகாது, பருப்பும் குழையாது. கடைசியில் கால் குவளைத் தேங்காய்ப்பாலும் கோழித் துண்டுகளும் போய்ச் சேர்ந்து, கறி ஐந்து நிமிடம் நன்றாகக் கொதித்து, உள்ளே உள்ள துண்டுவரை ஆவி பறக்கச் சூடானதும் இறக்கிவிட்டேன். பழைய நெடி இல்லை. காரம் நாக்கைச் சுடாமல் தொண்டையில் மெதுவாக இறங்கியது. மறுநாள் காலை ரொட்டி சானாய்க்குத் தொட்டுக்கொள்ள எடுத்தபோது கறி சற்றுக் கெட்டியாகியிருந்ததே தவிர இறுகவில்லை. அரைக் குவளை வெந்நீரில் சரியாகிவிட்டது.

அடுத்தடுத்த வாரங்களில் வேறு கோழிகளையும் இதே தூளில் சோதித்தேன். பேரங்காடியில் முழுதாகச் சுட்டு விற்கும் கோழிதான் எல்லாவற்றிலும் பொருத்தம். எலும்பும் கிடைக்கிறது, தோலில் இறங்கிய புகைமணமும் கிடைக்கிறது. கோழிச் சோற்றுக் கடையின் அவித்த கோழிக்குத் தனக்கென்று வலுவான சுவை இல்லாததால் மசாலா அதன் மேல் அழகாக அமர்கிறது. சோற்றின் மேல் பலவகைக் கறிகளை ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையில் வாங்கிய பொரித்த கோழியானால் தோலை உரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது குழம்பில் ஊறித் துணிபோல் மிதக்கும். இனிப்பான கருப்புச் சோயா சாஸில் செய்த கோழியைப் போட்டுப் பார்த்த நாளை மறந்துவிட விரும்புகிறேன். இனிப்பும் புளியும் ஒன்றோடொன்று சண்டையிட்டன, அதில் தூளின் குற்றம் எதுவுமில்லை.

இடையில் ஒரு வார்த்தை. நம் ஊர் வெப்பத்தில் சமைத்த கோழியை மேசையில் மூடிவைத்துவிட்டு இரவு முழுவதும் விடும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போகாத கோழியையும், உள்ளே மூன்று நான்கு நாட்களைக் கடந்த கோழியையும் எந்த மசாலாவாலும் காப்பாற்ற முடியாது. மீண்டும் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்பதும் உண்மையன்று. சில கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சுப்பொருள் கொதிநிலையையும் தாங்கும்.

இனிக் கடையின் குறைகள். தனிக்கலவை கேட்டால் அரைக் கிலோவுக்குக் குறைவாக அரைத்துத் தருவதில்லை. நான்கு பேர் உள்ள வீட்டில் வாரம் ஒரு முறை சமைத்தால் அது பல மாதங்களுக்கு வரும், அதற்குள் மணம் பாதியாகிவிடும். நான் பட்டர்வொர்த்தில் இருக்கும் தங்கையுடன் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டேன். இரண்டாவது முறை போனபோது எனக்கு முன்னால் ஒருவர் வெந்தயம் நிறையப் போட்ட மீன் தூள் அரைத்திருந்தார். இயந்திரத்தைத் துடைத்துவிட்டுத்தான் என்னுடையதைப் போட்டார்கள் என்றாலும், முதல் கைப்பிடித் தூளில் வெந்தயக் கசப்பு தெளிவாக இருந்தது. அதைச் சொன்னதும் அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டு மீண்டும் அரைத்துக் கொடுத்தார்கள், ஆனால் சொல்லாமல் வந்திருந்தால் வீட்டில்தான் தெரிந்திருக்கும். ஆகவே காலையில் கடை திறந்ததும் போவது நல்லது.

இன்னொரு குறை, தூளைச் சூடாகவே நெகிழிப் பையில் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அரைக்கும்போது ஏறிய சூடு பைக்குள் வியர்த்து, ஓரங்களில் கட்டி பிடிக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் அது பூஞ்சைக்கு அழைப்பு வைப்பதற்குச் சமம். வீட்டுக்கு வந்ததும் செய்தித்தாளில் பரப்பி முழுவதும் ஆறவிட்டு, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் அடைத்து, ஒரு மாதத்துக்கு மேற்பட்டதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே என் வழக்கம். அரைத்த தேதியையும் நாமேதான் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும். ரொக்கம் மட்டுமே வாங்குகிறார்கள், கைப்பேசியை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்படும் இளையவர்கள் கவனிக்க.

அவசரத்துக்கு ஒரு பொட்டலம் போதும் என்பவர்கள் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. பேரங்காடியில் விற்கும் இறைச்சித் தூளிலேயே ஒரு தேக்கரண்டி சோம்பை வறுத்துப் பொடித்துச் சேர்த்து, பருப்பின் அளவைக் கால் பங்கு குறைத்தால் ஏறக்குறைய இதே கறி கிடைக்கும். நானே அப்படிச் செய்து பார்த்தேன், ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தரலாம். அரவைக் கடைத் தூளுக்கு நாலே கால். மீதி முக்கால் அந்தச் சூடான நெகிழிப் பைக்கும் வெந்தயத்துக்கும் போய்விட்டது.

புட்டியில் இப்போது நான்கு மேசைக்கரண்டிதான் மிச்சம். வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கையில் ஒரு காலிப் புட்டியும் பழைய செய்தித்தாளும் எடுத்துக்கொண்டு, கடையிலேயே ஆறவைத்து வாங்கி வரலாம் என்றிருக்கிறேன். பெரியவர் சம்மதிக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.