மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு வெந்நீர்ப் பை: சூட்டுக்கு நூறு, மூடிக்கு முட்டை

"மின் போர்வை வாங்கட்டுமா, பழைய ரப்பர் வெந்நீர்ப் பையே போதுமா? நீங்கதான் ரொம்ப நாளா வெச்சிருக்கீங்களே, சொல்லுங்க" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்ட நேரம்தான் சரியில்லை. முந்தைய இரவு என் பையின் மூடியில் இருக்கும் ரப்பர் வளையம், அதாவது வாஷர், மறுபடி கசிந்து, விரிப்பின் கால்மாடு முழுக்க ஈரம். அதனால் கீழே வருவதில் காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம்.

பொருள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு லிட்டர் பிடிக்கும் ரப்பர் பை, புனல் போல விரிந்த வாய், திருகு மூடி, மேலே கம்பளிப் பின்னல் உறை. இது மூன்றாவது குளிர்காலம். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்ட வசதியாக இருக்கும்.

படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு பையைப் போர்வைக்கு அடியில், இடுப்பு வரும் இடத்தில் வைத்துவிட வேண்டும். படுத்ததும் காலாலேயே கீழே தள்ளிக்கொள்ளலாம். குளிர்ந்த விரிப்புக்குள் நுழைந்ததும் முழங்காலை நெஞ்சோடு மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்போமே, அந்த இரண்டு நிமிடம் இல்லாமலே போய்விடும். முதுகுக்கு ஒரு சூடு, அப்புறம் உள்ளங்காலுக்கு ஒரு சூடு. நான்கு மணிக்கே இருட்டிவிடும் நாட்களில், படுக்கப் போகலாம் என்று ஆசைப்பட வைக்க இது ஒன்று போதும்.

கணக்குப் போட்டால் இதில் பெரிதாக ஒன்றுமே இல்லை என்பதுதான் வேடிக்கை. 1.3 லிட்டர் தண்ணீர் 70 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஆறும்போது வெளிவிடுவது சுமார் 190 கிலோ ஜூல். ஆறு மணி நேரத்துக்குப் பிரித்தால் 9 வாட்கூட இல்லை. தூங்குகிற உடம்பே 70, 80 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. ஆக, இந்தப் பை அறையைச் சூடாக்குவதில்லை, ஆளையும் முழுசாகச் சூடாக்குவதில்லை. பாதத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறது, காரியம் அங்கேதான் நடக்கிறது. பாதம் சூடாகி ரத்த நாளங்கள் விரிந்தால், உடலின் உள்வெப்பம் அந்த வழியாக இறங்கும். தூக்கம் சீக்கிரம் வரும். கை கால் சூடாக இருப்பவர்கள் வேகமாகத் தூங்கிப்போகிறார்கள் என்று சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 1999-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். காலுறை போட்டாலும் பலன் உண்டுதான். ஆனால் காலுறை ஏற்கெனவே இருக்கும் சூட்டைத்தான் காக்கும். ஐஸ்கட்டியாக இருக்கும் காலுக்கு வெளியிலிருந்து சூடு வந்தாக வேண்டும்.

மின்செலவு பேச்சுக்கே வராது. 900 மில்லி தண்ணீரைக் கெட்டிலில் கொதிக்க வைக்க ஏறக்குறைய 0.1 யூனிட். 1500 வாட் அறைச் சூடாக்கி அதை நான்கே நிமிடத்தில் தின்றுவிடும். 60 வாட் மின் போர்வை எட்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் அரை யூனிட்டை நெருங்கும்.

சரி, நிரப்பும் விஷயம். பாதிப் பேர் பையைக் கொல்வது இங்கேதான். கொதிநீரை அப்படியே ஊற்றக் கூடாது. ரப்பர் சீக்கிரம் இறுகி வெடிக்கும், கைக்கும் ஆபத்து. கெட்டில் நின்றபின் ஆறட்டும் என்று காத்திருப்பதைவிட எளிய வழி, முதலில் 400 மில்லி குழாய்த் தண்ணீரைப் பையில் விட்டு, அதன்மேல் 900 மில்லி கொதிநீரைச் சேர்ப்பது. குழாய்த் தண்ணீர் 10 டிகிரி இருந்தால் கலவை 70 டிகிரியை ஒட்டி நிற்கும். குழாய்த் தண்ணீர் அவ்வளவு குளிராக இல்லாவிட்டால் 500, 800 என்று மாற்றிக்கொள்ளலாம். தண்ணீர் முதலில், கொதிநீர் பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது. மொத்தம் 1.3 லிட்டர், அதாவது பையில் மூன்றில் இரண்டு பங்கு. அதற்கு மேல் போனால் பை கல் மாதிரி விறைத்து, காலுக்கு அடியில் உருளும்.

பையை நடுவில் பிடித்து ஊற்றாதீர்கள். கை அழுத்தத்தில் உள்ளே இருக்கும் காற்று குபுக்கென்று வெளியேறும், கூடவே வெந்நீரும் மணிக்கட்டில் தெறிக்கும். மேடையில் பையைக் கிடத்தி, கழுத்தை மட்டும் தூக்கிப் பிடித்து, மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். நிரம்பியதும் பையை மெதுவாகச் சாய்த்து, தண்ணீர் வாய்வரை வந்து எட்டிப் பார்க்கும்போது மூட வேண்டும். உள்ளே காற்று தங்கினால் பை ஊதிப்போய், தண்ணீர் படும் பரப்பு குறையும். சூடும் ஒரு பக்கத்தில்தான் தெரியும்.

இப்போது மூடி.

இந்தப் பையில் எல்லாமே நன்றாக இருந்து, மூடி ஒன்றே தினம் தினம் உயிரை வாங்குகிறது. மூடி பிளாஸ்டிக், மரை பித்தளை, நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ரப்பர் வளையம். பையின் மானம் முழுக்க அந்த வளையத்தின் கையில். தினமும் சூட்டோடு நசுங்கி நசுங்கி, ஒரு குளிர்காலத்துக்குள் அது தட்டையாகிவிடும். பழைய உருவத்துக்குத் திரும்பாது. வளையம் தட்டையானால் மூடியை இன்னும் இறுக்கத் தோன்றும். இறுக்க இறுக்க வளையம் இன்னும் நசுங்கும். காலையில் மூடி கழல மறுக்கும். துணி சுற்றித் திருகினால் பிளாஸ்டிக் கைப்பிடியில் கீறல் விழும். கசிவு மட்டும் அப்படியே இருக்கும்.

ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். "கசிகிறது" என்று தூக்கிப் போடப்படும் பைகளில் பல உண்மையில் கசிவதே இல்லை. ஊற்றும்போது புனல் வாயில், மூடியைச் சுற்றி, ஒரு தேக்கரண்டித் தண்ணீர் தேங்கிவிடுகிறது. பையைப் படுக்க வைத்ததும் அது விரிப்பில் இறங்குகிறது. மூடியபிறகு பழைய துணியின் முனையைத் திரித்து, புனலுக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் போதும். அதற்குப் பிறகும் ஈரம் வந்தால்தான் வாஷரைச் சந்தேகிக்க வேண்டும்.

சோதனைக்கு வெந்நீர் வேண்டாம். பச்சைத் தண்ணீர் நிரப்பி, மூடி, வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, தொட்டிக்கு மேல் தலைகீழாகப் பிடித்து லேசாக அழுத்திப் பாருங்கள். மூடியோரம் சொட்டினால் வாஷர். வாஷரைக் கழற்றிக் கழுவி, மரையில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பை வினிகர் தொட்ட பழைய பல் துலக்கியால் தேய்த்து, தண்ணீரில் அலசி, வாஷரைத் திருப்பிப் போட்டால் பெரும்பாலும் சில வாரம் தாங்கும். ஓரத்து ஒட்டுத் தையலிலோ உடம்பிலோ ஈரம் பூத்தால் ஒட்டுப்போடும் யோசனையே வேண்டாம், குப்பைக்குத்தான். எண்ணெய், கிரீசு, வாசலின் எதையும் மரையில் தடவாதீர்கள். எண்ணெய் பட்ட ரப்பர் ஊறிப்போய்த் தன் பலத்தை இழந்துவிடும். கால் வெடிப்புக்கு மருந்து பூசிக்கொண்டு பையில் கால் வைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை, உறையில்லாமல் வைக்காதீர்கள்.

வாஷர் போனால் வேறொரு மூடியை வாங்கிப் போடலாமே என்று தோன்றும். போட முடியாது. மரையின் இடைவெளியும் விட்டமும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகின்றன. ஏறத்தாழப் பொருந்துகிற மூடிதான் எல்லாவற்றிலும் ஆபத்து: இரண்டு சுற்று போகும், பிடித்த மாதிரி இருக்கும், நடுராத்திரியில் கைவிடும். பென்கலா என்ற குரோஷியக் கண்டுபிடிப்பாளர் 1903-இல் டெர்மோஃபோர் என்ற பெயரில் வெந்நீர்ப் பைக்குக் காப்புரிமை பெற்றார். திருகு பென்சிலும் அவர் செய்ததுதான். நூற்றிருபது வருடம் ஓடிவிட்டது. இந்த மூடிக்கு ஒரு பொது அளவு வைக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை.

உறை பற்றிச் சுருக்கமாக. மெல்லிய ஃப்ளீஸ் அழகுக்கு. கம்பளிப் பின்னல்தான் சூட்டை மெல்ல விடும், விடிகாலையிலும் வெதுவெதுப்பு மிச்சம் இருக்கும். உறையில்லாத பையோடு தூங்கவே கூடாது. கொப்புளம் போட 70 டிகிரி வேண்டியதில்லை. 44 டிகிரிப் பொருள் ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் ஒட்டியிருந்தாலே தோல் வெந்துவிடும். தூக்கத்தில் தெரியாது. தினமும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டால் தோலில் வலைப்பின்னல் போலச் செம்பழுப்புத் தடம் விழும், வயிற்றிலும் முதுகிலும் இதைப் பார்க்கலாம். சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இந்தப் பை வேண்டாம். படுக்கையைச் சூடாக்கிவிட்டு, ஆள் படுக்கும்முன் எடுத்துவிடலாம். மின் போர்வையோடு சேர்த்து வைப்பது இரட்டை முட்டாள்தனம்.

குளிர்காலம் முடிந்ததும் கடைசிச் சொட்டுவரை வடித்து, மூடியைக் கழற்றி, தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்துங்கள். மடிக்காமல், மேலே எதையும் அடுக்காமல், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். மடித்த இடத்தில்தான் முதல் வெடிப்பு வரும். வாங்கிய புதிதில் அடிக்கும் ரப்பர் வாடை இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். வாடை பிடிக்காதவர்கள் பிவிசி பையை நாடுகிறார்கள், ஆனால் அது குளிரில் விறைத்து அட்டை மாதிரி ஆகிறது. எனக்கு ஒத்துவரவில்லை.

வாங்கும்போது புனலின் உள்பக்கம் பூ மாதிரி ஓர் அச்சு இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் இருப்பது தயாரித்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். சுற்றியுள்ள 12 இதழ்கள் மாதங்கள், இதழுக்குள் புள்ளிகள் வாரங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு பையை வைத்திருக்க வேண்டாம் என்பதுதான் பொதுவான பரிந்துரை. கடை அலமாரியில் ஒரு வருடம் தூங்கிய பை என்றால் அதன் ஆயுளில் பாதி உங்கள் கைக்கு வரும்முன்பே போய்விட்டது. கட்டைவிரலை வைத்து உடம்பை வளைத்துப் பாருங்கள். மெல்லிய வரிவரியான வெடிப்பு தெரிந்தால் கசிவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நண்பருக்குப் பதில்: மின் போர்வையே வாங்கிக்கொள்ளுங்கள். தானாக அணைகிற வகையாகப் பார்த்து வாங்கினால், ஊற்றுவதும் துடைப்பதும் இறுக்குவதும் கிடையாது. இந்தப் பைக்கு ஐந்துக்கு இரண்டு. போன வாரம் கேட்டிருந்தால் நான்கரை போட்டிருப்பேன்.

மாற்று வாஷர் தேடும் சாக்கில் பூவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இந்தப் பைக்கு வாஷர் தேடுவதே வெட்டி வேலை, அதன் இரண்டு வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. அதே அளவில், அதே திருகு மூடியோடு இன்னொன்று வந்துகொண்டிருக்கிறது. பழைய பையைக் குப்பையில் போட்டாயிற்று. உறையைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறது.