ஜிப் வைத்த ஃப்ளாட்ஸ் பூட்ஸ்: சோலுக்கு நூறு, ரன்னருக்கு முட்டை

கிறிஸ்துமஸ் தீவின் ஃப்ளாட்ஸில், அதாவது ஆழமில்லாத கடல் பரப்பில், நடந்தே ஃப்ளை என்ற செயற்கைப் பூச்சித் தூண்டிலால் போன்ஃபிஷ் மீன் பிடிக்கக் கிளம்புகிற நண்பர் ஒருவர், "ராடு, ரீல், லைன் எல்லாம் ஆச்சு. பூட்ஸ் மட்டும்தான் பாக்கி. ஜிப்பா, லேஸா?" என்று கேட்டார். ஜிப் பூட்ஸுக்கு மறுபடியும் ரன்னர் மாற்றி வாங்கி வந்த சமயம் பார்த்துக் கேட்டதால் பதிலில் காரம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். (ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவு அல்ல. பசிபிக் நடுவில், கிரிபட்டி நாட்டில் இருக்கிற கிரிட்டிமட்டி.)

எட்டாம் வெயிட் ராடு, வெப்பமண்டல லைன், அதற்கு அடியில் ரீலில் சுற்றும் 200 மீட்டர் பேக்கிங் நூல் என்று மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. அவற்றில் எது கொஞ்சம் மட்டமாக அமைந்தாலும் சமாளித்துவிடலாம். காலில் கொப்புளம் வந்தால் மீன் எங்கே வாலைக் காட்டினாலும் கண் அங்கே போகாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கணுக்கால் மூடும் நியோப்ரீன் (நுரை ரப்பர்) மேல்பாகம், பக்கவாட்டில் ஜிப், அடியில் கெட்டியான ரப்பர் சோல்: இந்த வகையில் சோலைக் குறை சொல்ல வாயே வராது. டைவிங் செய்பவர்கள் போடும் மெல்லிய ரப்பர் காலுறையோடு பவளப்பாறையில் அரை மணி நேரம் நடந்தால் ஒவ்வொரு கல்லின் முனையும் பாதத்தில் பதியும். கடல் முள்ளெலியின் முள் அந்தச் சோலைத் துளைத்து உள்ளேயே ஒடியும். ஃப்ளாட்ஸ் பூட்ஸில் அந்தப் பயம் பெருமளவு இல்லை. கல்மீன் விஷயத்திலும் கனமான சோல்தான் முதல் காப்பு. அதையும் மீறிக் குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் காலை முக்கி வைத்து, மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். திருக்கைக்கு மட்டும் பூட்ஸை நம்பாதீர்கள். வால் முள் கணுக்காலுக்கு மேலேயும் அடிக்கும். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது முன்கூட்டியே விலகிப் போய்விடும்.

சரி, ஜிப்புக்கு வருவோம்.

பவளத் தீவின் மணல் நம் ஆற்று மணல் மாதிரி உருண்டு தேய்ந்த மணல் அல்ல. பவளத் துண்டு, சிப்பித் தூள், கிளிமீன் கடித்து அரைத்துக் கழித்த சுண்ணாம்பு, எல்லாம் கலந்தது. ஓரம் கூர்மையாக இருக்கும். நடக்க நடக்க இந்தத் துகள் ஜிப்பின் அடிமுனையில், குதிகாலுக்குப் பக்கத்தில் இருக்கிற முதல் நாலைந்து பற்களுக்குள் போய் உட்காரும். சாயங்காலம் கழற்றிக் காயவைத்தால் உப்பு படிந்து அந்தத் துகளைப் பல்லோடு பல்லாக ஒட்டவைத்துவிடும். மறுநாள் காலையில் படகு காத்திருக்கும் அவசரத்தில் ஓங்கி ஒரு இழு. பல் உடையாது. ரன்னரின் வாய்தான் அரை மில்லிமீட்டர் விரியும். அதற்குப் பிறகு ரன்னர் மேலே வரை அழகாகப் போகும், ஜிப் மட்டும் கீழேயிருந்து வாயைப் பிளந்துகொண்டே வரும்.

பற்கள் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். ரன்னர் உலோகம் என்பதை எங்கேயும் போட்டிருக்க மாட்டார்கள். உப்பில் அரித்துப் பூப்பது அதுதான். இவ்வளவு விலை வாங்குகிற பொருளில், இருப்பதிலேயே மலிவான உறுப்பு முதலில் போகிறது. இதை எந்தக் கணக்கில் வடிவமைத்தார்களோ!

இன்னொரு தொல்லை ரன்னரில் தொங்கும் இழுப்பு நாடா. கணுக்காலளவு ஆழத்தில் நிற்கும்போது, இழுத்துவிட்ட லைன் நீரில் மிதந்து காலைச் சுற்றியே கிடக்கும். மீன் மாட்டியதும் நூறு மீட்டர் ஓட்டம் எடுக்கும். அந்த முதல் சில நொடிகளில் தளர்ந்த லைன் முழுவதும் இடது கை விரல் வளையத்துக்குள்ளே சரியாக ஏறிப் போயாக வேண்டும். அப்போது ஒரு சுருள் நாடாவில் மாட்டினால் லைன் நுனியில் ஃப்ளை கட்டும் மெல்லிய நரம்பு, 16 பவுண்டு டிப்பெட், படீரென்று அறும், மீனும் ஃப்ளையும் போய்ச் சேரும். நாடாவை ஒட்ட வெட்டிவிட்டால் ரன்னரைப் பிடிக்க ஈரக் கைக்குப் பிடிமானம் கிடையாது. ஜிப்பை மூடும் வெல்க்ரோ மடிப்பு இருக்கிறதே என்றால், மணல் அடைத்த வெல்க்ரோ ஒட்டுவது பெயரளவுக்குத்தான்.

லேஸ் மட்டும் யோக்கியமா? உலோகக் கொக்கிகளில் லைன் மாட்டுவது இன்னும் மோசம். ஆனால் அதற்கு வழி இருக்கிறது. இரட்டை முடிச்சுப் போட்டு, நுனிகளை உள்ளே செருகி, சரளை தடுக்கும் பட்டி வைத்த நியோப்ரீன் சாக்ஸ் போட்டு, அந்தப் பட்டியைக் கொக்கிகளை மறைக்கிற மாதிரி பூட்ஸ் மேலே மடித்துவிட்டால் தீர்ந்தது. மணல் உள்ளே போவதும் பாதிக்கு மேல் குறையும். சாக்ஸ் 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமன் போதும், உள்ளே மெல்லிய நைலான் சாக்ஸ். பருத்தி வேண்டவே வேண்டாம், ஈரத்தில் சுருண்டு தோலை உரிக்கும். இந்த இரண்டையும் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும், வழக்கத்தைவிட ஒரு சைஸ் பெரிதாக. டயலைத் திருகி முறுக்கும் கம்பி வகை ஒன்று வருகிறது. டயலுக்குள் மணல் போனால் என்ன ஆகும் என்பதை யோசித்துவிட்டு வாங்குங்கள்.

ஜிப் கண்டுபிடித்தவரை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் மாதிரி இடங்களில் பெரும்பாலும் ஸ்கிஃப் படகிலேதான் நிற்பார்கள். தளத்தில் கிடக்கும் லைனை மிதித்தால் தெரிய வேண்டும் என்பதால் பலர் வெறுங்காலில் நிற்பார்கள். தூரத்தில் வால் தெரிந்தால் சட்டென்று இறங்க வேண்டும், அந்த அவசரத்துக்கு ஜிப்தான் சரி. ஆனால் அங்கே அடி இளகிய சுண்ணாம்புச் சேறு. வாய் பிளந்த ஜிப்போடு இறங்கினால் கால் வரும், பூட்ஸ் வராது.

கிரிட்டிமட்டியில் கதை வேறு. ஒரு திட்டில் இறக்கிவிட்டால் நாள் முழுக்க நடைதான், நடுவில் கழற்றும் வேலையே இல்லை. செஷல்ஸின் காஸ்மலேடோவில் பெரும்பாரை மீனுக்காகப் பாறை விளிம்பில் அலை அடிக்க அடிக்க நிற்பதற்கும் கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் லேஸ் வேண்டும். ஆகவே நண்பருக்கு என் பதில்: லேஸ்.

ஏற்கெனவே ஜிப் வாங்கியவர்களுக்குப் பராமரிப்பு. தண்ணீர் பீய்ச்சி அடித்தால் போதாது. வாளி நல்ல தண்ணீரில் பூட்ஸை முழுக்க முக்கி, நீருக்குள்ளேயே ரன்னரை மேலும் கீழும் பத்துப் பதினைந்து தரம் ஓட்டுங்கள். பவளத் தீவில் நல்ல தண்ணீர் அருமை, எனவே மற்றவர்களோடு ஒரே வாளியைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் ரீல் கழுவிய பிறகு பூட்ஸ் முக்குங்கள், மாற்றிச் செய்தால் ரீலுக்குள் மணல். வெள்ளையாகப் பூத்திருந்தால் பழைய டூத்பிரஷ்ஷில் வினிகர் தொட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி அலசுங்கள். நிழலில், ஜிப்பைத் திறந்துவைத்துக் காயவிடுங்கள். நேர் வெயில் நியோப்ரீனுக்கும் ஆகாது, சோல் பேஸ்டிங்குக்கும் ஆகாது. காய்ந்ததும் மெழுகுவர்த்தியால் பற்களில் ஒரு தடவல். எண்ணெய் வேண்டாம், மணலை அதுவே கூப்பிட்டு உட்காரவைக்கும்.

வாய் பிளந்துவிட்டால் இடுக்கியால் ரன்னரின் பின்முனையை இரண்டு பக்கமும் சமமாக, மெல்ல அழுத்துங்கள். ஒரு பக்கம் அதிகம் அழுத்தினால் ரன்னர் உடைந்தே போகும். அதுவும் பலிக்காவிட்டால் கணுக்காலுக்கு ஒன்று, அதற்குக் கீழே ஒன்று என்று இரண்டு கேபிள் டை. வால் மிச்சத்தை ஒட்ட நறுக்குங்கள், இல்லாவிட்டால் லைன் அதிலும் மாட்டும். ஊருக்கு வந்து பை தைக்கிற கடையில் ஜிப் மாற்றும்போது நைலான் நூலில் தைக்கச் சொல்லுங்கள். பருத்தி நூல் உப்பீரத்தில் இற்றுவிடும்.

ஐந்துக்கு எவ்வளவு என்றால் இரண்டு. அடுத்த பயணத்துக்கு எதைப் போடப் போகிறேன் என்றால் அதே ஜிப் பூட்ஸைத்தான். அந்தச் சோலுக்குப் பழகிய காலுக்கு வேறொன்று பிடிக்க மாட்டேன் என்கிறது, புது ரன்னரும் போட்டாயிற்று.

"ஜிப் மாடல் இப்போது விலை குறைந்திருக்கிறதே?" என்று அடுத்து கேட்பீர்கள். குறைந்திருக்கிறது என்றால் பழைய சரக்காக இருக்கலாம். நடுச்சோல் பாலியூரித்தேனா, ஈ.வி.ஏ. என்ற வேறு வகை நுரையா என்று முதலில் விசாரியுங்கள். பாலியூரித்தேன் என்றால் பெட்டியில் சும்மா கிடந்தாலே காற்றின் ஈரத்தில் மெல்ல மெல்ல இற்றுப்போகும், வெளியே பார்க்கப் புத்தம் புதிதாகவே இருக்கும். தயாரித்த தேதி கேளுங்கள். கையில் கிடைத்ததும் நடுச்சோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், பூட்ஸை நன்றாக வளைத்தும் பாருங்கள். பொடி உதிர்ந்தாலோ விரிசல் தெரிந்தாலோ அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். கிரிட்டிமட்டிக்கு விமானம் அடிக்கடி கிடையாது, அங்கே போய் மாற்று பூட்ஸ் தேட முடியாது.