ஹீட் மீட்டரை எங்கே பொருத்துவது? மலை ரோட்டில் வைத்துப் பார்த்த ஐந்து இடங்கள்

கினிகத்தேனை ஏற்றத்தில் என் டொயோட்டா விட்ஸ் காரின் சிவப்பு லைட் எரிந்தபோது காரியம் ஏற்கெனவே கெட்டிருந்தது. ரேடியேட்டர் ஹோஸின் கிளிப் தளர்ந்து, கித்துல்கல தாண்டியதிலிருந்தே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. லைட்டைப் பார்த்து, ஓரங்கட்ட இடம் தேடி நிறுத்துவதற்குள் என்ஜினின் மேல்பகுதியை அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது.

2005இல் வந்த இரண்டாம் தலைமுறை விட்ஸில் என்ஜின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டர் முள் கிடையாது. என்ஜின் குளிர்ந்திருந்தால் நீல லைட், அளவுக்கு மீறிச் சூடானால் சிவப்பு லைட், இடையில் எதுவுமே இல்லை. கொழும்பில் ஓடும் வண்டிக்கு அது போதும் என்று சிலர் சொல்வார்கள். அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு இரண்டாவது கியரிலும் மூன்றாவது கியரிலும் ஏறிக்கொண்டே இருக்கும் வண்டிக்குப் போதாது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் நம் வண்டிகள் தப்புகின்றன. மூடியின் ரப்பர் தளர்ந்துவிட்டால், கீழே கொதிக்காத தண்ணீர் இங்கே கொதிக்கும்.

எனவே தனியாக ஒரு ஹீட் மீட்டர் வாங்கினேன். கடைகளில் கிடைக்கும் வட்ட மீட்டர்களில் பெரும்பாலானவை 52 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. 60 மில்லிமீட்டரிலும் உண்டு. வாங்குவது எளிது. எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கு ஒரு வாரம் போனது.

டேஷ்போர்டில் துளை போடக்கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். விற்கப் போகும்போது டேஷ்போர்டில் ஒரு ஓட்டை இருந்தால், வாங்க வருபவர் முதலில் கை வைப்பது அதில்தான்.

அப்புறம் அட்டையில் 52 மில்லிமீட்டர் வட்டங்கள் வெட்டி, அவற்றில் முள் ஒன்றை வரைந்து, மனதில் இருந்த இடங்களிலெல்லாம் பேப்பர் டேப்பால் ஒட்டினேன். அப்படியே ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே ஒரு வாரம் ஓட்டினேன். பகலில், மழையில், தலவாக்கலைக்கு மேலே மூடுபனியில், இரவில். எதையும் வெட்டுவதற்கு முன்பு எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பேன். வண்டி நிற்கும்போது அழகாகத் தெரிந்த இடங்களில் பாதி, வண்டி ஓடத் தொடங்கியதும் தோற்றுப்போயின.

முதலில் தோற்றது, எல்லோரும் ஆசைப்படும் இடமான, முன்கண்ணாடியின் ஓரத்துத் தூண். வலது பக்கத் தூணில் கிண்ணம் போன்ற ஒரு உறை ஒட்டி அதற்குள் மீட்டரை வைப்பார்கள். பந்தயக் கார் போலத் தெரியும், கண்ணுக்கும் அருகில் இருக்கும். ஆனால் நாம் இடது பக்கம் ஓட்டுபவர்கள், அமர்வது வலது பக்கம். வலப்புறம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் எதிரே இறங்கி வரும் பஸ்ஸை அந்தத் தூணைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும். தூண் ஏற்கெனவே தடிமன். அதில் ஒரு கிண்ணத்தையும் ஒட்டினால் ஒரு முச்சக்கர வண்டி முழுசாக அதற்குப் பின்னால் மறைகிறது. ஒரு நாள் காலையில், கொழுந்துக் கூடையோடு ரோட்டைக் கடக்க நின்ற ஒரு அம்மாவை அட்டை வட்டத்துக்குப் பின்னாலிருந்து திடீரென்று கண்டேன். அந்த வளைவிலேயே வண்டியை நிறுத்தி வட்டத்தைப் பிய்த்தெடுத்தேன். இன்னொரு காரணமும் உண்டு. பக்கக் கண்ணாடிகளின் மேல் திரை போல விரியும் ஏர்பேக் உள்ள வண்டிகளில் அது கூரை ஓரத்திலிருந்தும் அந்தத் தூணின் உறைக்குள்ளிருந்தும் விரியலாம். உறையில் ஏர்பேக்கைக் குறிக்கும் எஸ்ஆர்எஸ் என்று எழுதியிருந்தால் அங்கே எதையும் ஒட்டவே கூடாது.

டேஷ்போர்டின் மேல் டபுள் டேப்பால் ஒட்டும் கிண்ணம் மலிவு, அரை மணி நேர வேலை. பகலில் நன்றாகத் தெரிந்தது. இரவில்தான் வினை. விட்ஸின் முன்கண்ணாடி நன்றாகச் சாய்ந்தது. மீட்டரின் முகம் சற்றே மேல்நோக்கி இருந்தாலும் அதன் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்து மிதக்கிறது. இதைப் பார்ப்பதற்காக அட்டைக்குப் பின்னால் ஒரு சின்ன எல்ஈடியை வைத்திருந்தேன். மூடுபனியில் எதிரே ஏதாவது வருகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்போது, கண்ணாடியில் ஒரு செம்மஞ்சள் வட்டம் தொங்கினால் எப்படி இருக்கும்? டேப்பும் நம்பத்தக்கதல்ல. நுவரெலியாக் குளிரில் பிடித்திருக்கும், குருநாகல் வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் வழுக்கியிருக்கும். பயணி பக்க ஏர்பேக் மூடிக்கு மேல் ஒட்டுவதைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

வலது ஓரத்துக் காற்றுத் துவாரம்தான் என்னை அதிகம் சோதித்தது. விட்ஸில் அது வட்டமானது. உள்ளே இருக்கும் தகடுகளைக் கழற்றிவிட்டு மீட்டரைச் செருகினால், தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்தது போல இருக்கும். துளை இல்லை, பசை இல்லை, பழைய தகடுகளை எடுத்து வைத்தால் எப்போது வேண்டுமானாலும் திருப்பிப் போடலாம். அழகை மட்டும் பார்த்தால் ஐந்தில் இதுவே முதலிடம். கொழும்பில் இருந்திருந்தால் இதைத்தான் தேர்ந்திருப்பேன். மலையில் இருப்பவருக்கு வலப்பக்கக் கதவுக் கண்ணாடியின் ஆவியைப் போக்குவது அந்தத் துவாரம்தான். வட்டவளை மழையில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் பக்கக் கண்ணாடி வெள்ளையாகிவிடும், பக்கவாட்டு மிரர் கண்ணில் படாது. இன்னொன்று: என்ஜின் சூடேறும்போது ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, கொஞ்சம் சூட்டை உள்ளே இழுத்துக் காலம் கடத்துவது பழைய உபாயம். அந்தச் சூடான காற்று மீட்டரின் முதுகிலேயே அடிக்கும். சூட்டைக் காட்ட வைத்த கருவியை அந்தச் சூட்டிலேயே காய்ச்சுவது சரியில்லை.

ரேடியோவுக்குக் கீழே, கியர் லீவருக்கு முன்னால் இருக்கும் சில்லறைப் பள்ளம் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. வெளியிலிருந்து யார் கண்ணிலும் படாது, ஓட்டுபவர் கண்ணிலும் படாது. பற்றரி வோல்ட் மீட்டரை அங்கே வைக்கலாம். ஹீட் மீட்டரை வைப்பதானால், சூடு ஏறும்போது சத்தம் போடும் வகையாக இருக்க வேண்டும்.

மிச்சம் இருந்தது ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள இடம். பெரும்பாலான கார்களில் அங்கே வேக மீட்டர் இருக்கும், அதனால் ஸ்டியரிங் தண்டின் மேல் எதை வைத்தாலும் ஒன்றை ஒன்று மறைக்கும். இந்த விட்ஸில் வேக மீட்டர் டேஷ்போர்டின் நடுவில் இருக்கிறது. ஓட்டுபவருக்கு நேர் முன்னால் இருப்பது மூடி போட்ட ஒரு சின்னப் பெட்டி. பில்லும், விபூதிப் பொட்டலமும், பழைய பாஸ் போர்ட் அளவுப் படங்களும் கிடந்த அந்தப் பெட்டியை இத்தனை வருடம் நான் ஒரு இடமாகவே நினைத்ததில்லை.

அட்டை வட்டத்தை அதற்குள் வைத்ததும் தெரிந்துவிட்டது. ரோட்டிலிருந்து கண்ணை ஒரு விரற்கடை தாழ்த்தினால் போதும், தலை அசையவே வேண்டாம். பெட்டியின் கூரை மேலே நிழல் தருகிறது, எனவே பகலில் வெயில் படாது, இரவில் முன்கண்ணாடியில் வெளிச்சம் ஏறாது. பார்வையில் எதுவும் மறையவில்லை. குறை என்றால் ஒன்று: ஸ்டியரிங்கின் மேல் விளிம்பு, உயரமானவர்களுக்கு முள்ளை மறைக்கலாம். என் உயரத்துக்கு வட்டத்தை இரண்டு சென்டிமீட்டர் கீழே இறக்கியதும் சரியானது. இருக்கையை நீங்கள் ஓட்டும் நிலையில் வைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

எங்கள் கராஜ் அண்ணனிடம் சொன்னபோது, "தம்பி, தூணில வச்சாத்தான் பார்க்க எடுப்பா இருக்கும்" என்றார். "எடுப்பா இருக்கட்டும் அண்ணே, வளைவுல எனக்கு ஆள் தெரியணும்" என்றேன். ஒருமுறை என் இருக்கையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வேறு எதுவும் சொல்லாமல் அளவு நாடாவை எடுத்தார்.

மூடியைக் கழற்றிப் பத்திரமாக வீட்டில் வைத்தாயிற்று. பெட்டியின் வாய் அளவுக்கு 3 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு ஒன்றை வெட்டி, நடுவில் 52 மில்லிமீட்டர் துளையிட்டு, மங்கலான கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே அழுத்தினோம். பளபளப்பான ஸ்டிக்கர் வேண்டாம், அதுவே கண்ணைக் கூசவைக்கும். வயருக்காகப் பெட்டியின் பின்சுவரில் மட்டும் ஒரு சிறு துளை. மூடி போட்டால் அது யாருக்கும் தெரியாது.

சென்சரை மேல் ரேடியேட்டர் ஹோஸை வெட்டி, இடையில் ஒரு உலோகத் துண்டு வைத்துப் பொருத்தினோம். ஒற்றை வயர் சென்சர் என்றால் அந்த உலோகத் துண்டிலிருந்து வண்டியின் உலோக உடலுக்கு எர்த் வயர் இழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் ரப்பர் இருப்பதால் அதற்குத் தானாக எர்த் கிடைக்காது, மீட்டர் ஏதேதோ காட்டும். மீட்டரின் விளக்கு வயரைப் பார்க்கிங் லைட்டோடு சேர்த்தால் இரவில் தானாக மங்கும் வகைகள் உண்டு. ஸ்டியரிங் அருகே மஞ்சள் உறையிட்ட வயர்கள் ஏர்பேக்குடையவை, அவற்றைத் தொடவே கூடாது.

ஒரு விஷயத்தை இந்த மீட்டர் வாங்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சென்சர் அளப்பது தண்ணீரின் சூட்டை. தண்ணீரே போய்விட்டால் அது வெறும் காற்றில் நிற்கும். அப்போது ஏற்றத்தில் முள் திடீரென்று கீழே விழலாம். அதைப் பார்த்து நிம்மதி அடையாமல் உடனே ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். கினிகத்தேனையில் எனக்கு நடந்தது போல நீர் கசிந்தால், மீட்டர் இருந்தாலும் இப்படிக் காட்டலாம்.

கடைசியாக, தகட்டில் இறுக்குவதற்கு முன்பு மீட்டரைச் சற்றுத் திருப்பி வைத்தோம். என் வண்டி வழக்கமாக நிற்கும் 90 டிகிரி, நேர் மேலே 12 மணி நிலையில் வருமாறு. எண்கள் சாய்ந்து தெரிகின்றன, பரவாயில்லை. ரம்பொடை வளைவுகளில் எண்ணைப் படிக்க நேரமில்லை. முள் நேராக நிற்கிறதா, வலப்புறம் சாய்கிறதா என்பது மட்டும் தெரிந்தால் போதும். போன வாரம் லபுக்கலைக்குக் கீழே, ஒரு லொறிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது முள் ஒரு மணிப் பக்கம் சாய்ந்தது. ஏசியை அணைத்துவிட்டு இடைவெளி விட்டு ஏறினேன். லபுக்கலை வருவதற்குள் முள் நேராகிவிட்டது.